எனக்காகப் போட்ட பாட்டு

ஜூன் 9, திங்கள்

குக்கரை அடுப்பில் வைத்துவிட்டு வாசலில் போய் நின்றேன். விசில் முடிந்த பிறகுதான் உள்ளே வந்தேன். என் வீட்டுக்காரர் இசக்கிமுத்து சிரித்தார். "குக்கருக்கு இம்புட்டு மரியாத குடுக்கவள நான் பாத்ததே இல்ல." கல்யாணமானதிலிருந்து இதே கிண்டல்தான். என்ன செய்ய? சின்ன வயதிலிருந்தே எனக்கு அப்படி. பஸ் ஹாரன், தட்டு விழுகிற சத்தம், பக்கத்தில் யாராவது பலமாகச் சிரிப்பது, எல்லாமே உடம்பில் அடி விழுகிற மாதிரி இருக்கும்.

அப்புறம் வீரபாண்டி பனியன் கம்பெனியில், நாற்பது மெஷின் ஓடுகிற ஹாலில் எப்படி உட்கார்ந்து தைக்கிறாய் என்று கேட்கிறார். வேலையில் போடும் தொப்பிக்குள் இயர்போன் இருக்கிறது. அதனால் உட்கார்ந்திருக்கிறேன்.

ஜூன் 11, புதன்

இயர்போனில் நான் கேட்கிற அந்தப் பாட்டை என்னவென்று சொல்வது? முதல் தடவை மொபைலில் தானாக ஓடியபோது போன் கெட்டுவிட்டது என்றுதான் நினைத்தேன். பாடுகிற ஆள் இல்லை, வார்த்தை இல்லை. எல்லாம் கம்ப்யூட்டரில் செய்ததாம். டும் என்று ஒரு அடி, அதே இடைவெளி, மறுபடி அதே அடி. புதுச் சத்தம் ஒன்று வந்தாலும் கதவைத் தட்டிவிட்டு வருகிறவர் மாதிரி மெதுவாகத்தான் வரும். பிறகு மேலே மேலே ஏறும். ஒரு நொடி எல்லாம் நிற்கும். அப்புறம் மொத்தமாக இறங்கும். அந்த இறக்கத்தில் நாற்பது மெஷினும் எங்கோ தூரமாகப் போய்விடும்.

அதில் மனிதர்கள் யாரும் இல்லை. எனக்குப் பிடித்ததே அதுதான்.

ஜூன் 14, சனி

இடது காது. மறுபடியும் வலி. பாட்டில் 'ட்ஸ் ட்ஸ்' என்று கூடவே ஓடும் ஒரு சின்னச் சத்தம் உண்டு. அது இப்போது ஊசியாகக் குத்துகிறது. குறைத்து வைத்தால் மெஷின் சத்தம் உள்ளே வருகிறது, கூட்டினால் பாட்டே வலிக்கிறது. பயமா இருக்கு. இதுவும் போச்சுன்னா நான் எங்க போவேன்?

ஜூன் 17, செவ்வாய்

காது டாக்டரம்மா சத்தம் வைத்துச் சோதித்துப் பார்த்தார். "காது மந்தம் இல்லம்மா. உங்களுக்குத் தேவைக்கு மேல கேக்குது. இத்தன வருஷமா இயர்போன்ல சத்தமா வச்சதும் சேர்ந்துக்கிச்சு. இனி அதத் தொடாதீங்க." சரியாகிவிடுமா என்று கேட்டேன். "கொஞ்சம் குறையலாம்" என்றார். டாக்டர்கள் சொல்லும் 'கொஞ்சம்' எவ்வளவு என்று எனக்குத் தெரியாதா?

வரும் வழியில் என் வீட்டுக்காரர் சொன்னார்: "கம்பெனில மூச்சு விட்ராத. காதுல கோளாறுன்னு தெரிஞ்சா எவனும் வேலைக்கு எடுக்க மாட்டான்." சரியாகத்தான் சொல்கிறார். அதனால்தான் அவர்மேல் அவ்வளவு கோபம் வந்தது.

ஜூன் 19, வியாழன்

இயர்போன் இல்லாமல் போனேன். பஞ்சு வைத்துக்கொண்டேன். பஞ்சு என்ன செய்யும், பாவம்.

ஜூன் 24, செவ்வாய்

எங்கள் சூப்பர்வைசர் சித்ரகலா அக்கா எங்களை மாதிரி பிழைக்க வந்தவர் இல்லை, இந்த ஊர்க்காரர். முதலாளியிடம் சண்டை போடும்போதுகூட 'ங்க' போட்டுத்தான் போடுவார். இன்று என் மெஷின் அருகில் வந்து நின்றார். "ஏங் கண்ணு, மொகமெல்லாம் வாடிக் கெடக்குது? காதுல மாட்டுவியே, அதெங்க?"

"கெட்டுப்போச்சுக்கா." வாயில் அதுதான் வந்தது.

"அதுல என்ன பாட்டுத்தான் கேப்ப?"

மொபைலில் பாட்டை மெதுவாகப் போட்டு நீட்டினேன். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "மாவு மில்லு ஓடற மாதிரி இருக்குது" என்றபடி அதைத் தன் போனுக்கும் அனுப்பிக்கொண்டார். சிரித்துவிட்டேன். சிரித்துப் பல நாளாகிவிட்டது.

ஜூன் 27, வெள்ளி

நான் ஏன் மொபைலை நீட்டினேன்?

மத்தியானம் சாப்பிட்டு வந்தால் ஹால் மூலையில் இடுப்பு உயரத்துக்கு ஒரு ஸ்பீக்கர். முதலாளியிடம் வாதாடி அக்கா வாங்கி வந்ததாம். "ஏனுங்க, எல்லாரும் கேளுங்க! இது நம்ம விஜயராணி பாட்டுங்க!" எல்லோரும் என்னைப் பார்த்துக் கை தட்டினார்கள். இந்தக் கம்பெனியில் எனக்காக யாரும் எதுவும் செய்ததில்லை.

அடி வந்தது. நெஞ்சில், பல்லில், கண்ணுக்குப் பின்னால். அந்த ட்ஸ் ட்ஸ் வந்தது. பாட்டு மேலே ஏற ஆரம்பித்தது. அடுத்து என்ன வரும் என்று எனக்கு அடிக்கு அடி தெரியும். அதுதான் கொடுமை. எல்லாம் நிற்கிற அந்த ஒரு நொடி வந்தது. முன்பெல்லாம் அதற்காகத்தான் கேட்பேன். இன்று அந்த நொடியில் எழுந்து ஓடிவிடலாமா என்று இருந்தது. ஓடவில்லை. மொத்தமும் என் தலையில் இறங்கியது.

பக்கத்து மெஷினில் கருத்தம்மா சிரித்த முகமாகத் தலையை ஆட்டிக்கொண்டே தைத்தாள். புருஷன் செத்த பிறகு அவள் சிரித்து இன்றுதான் பார்த்தேன்.

"புடிச்சிருக்குதா கண்ணு?" அக்கா அங்கிருந்தே கத்திக் கேட்டார்.

"ரொம்பக்கா."

ஜூலை 2, புதன்

தினமும் போடுகிறார்கள். இந்தப் பாட்டுக்குத் தைத்தால் பீஸ் கூடுதலாக வருகிறதாம். முதலாளிக்கே பிடித்துவிட்டது. இப்போது அது எனக்காக ஓடவில்லை, ஷிப்மென்ட்டுக்காக ஓடுகிறது.

ஜூலை 5, சனி

பாட்டு இறங்கிய இடத்தில் கை துள்ளிவிட்டது. மெஷினில் ஓரம் வெட்டுகிற ஓவர்லாக் கத்தி துணியைத் தின்றுவிட்டது. அக்கா திட்டியிருந்தால் எல்லாவற்றையும் கொட்டியிருப்பேன். திட்டவில்லை. "பாட்டுல மயங்கிட்டயாக்கும்" என்று முதுகில் தட்டிவிட்டுப் போனார். கழிப்பறையில் நின்று அழுதேன். சுவர் வழியாக அங்கேயும் டும் டும்.

ஜூலை 12, சனி

வேலையை விட்டுவிட்டேன். மாமியாருக்கு உடம்பு சரியில்லை, ஊருக்குப் போகிறேன் என்று சொன்னேன். என் மாமியார் ஊரில் குத்துக்கல்லாட்டம் இருக்கிறார். "பதனமாப் போயிட்டு வா கண்ணு. உன்ற எடம் அப்படியே இருக்கும்" என்றார் அக்கா. வேறு கம்பெனிக்கும் போக முடியாது. மெஷினும் ஸ்பீக்கரும் இல்லாத கம்பெனி இந்தப் பக்கம் எங்கே இருக்கிறது?

ராத்திரி இவர் சொல்கிறார்: "அந்தக்காகிட்ட உண்மையச் சொல்லியிருக்கலாம்லா." இப்ப சொல்லுதாரு. இப்ப!

ஆகஸ்ட் 4, திங்கள்

ஜன்னலைச் சாத்திவிட்டு வீட்டிலேயே, தைத்த பனியன்களில் நூல் பிசிறு வெட்டுகிறேன். பனியன் கட்டுகளை அவர் கொண்டுவந்து போடுகிறார். என்னோடு பேசும்போது குரலைத் தாழ்த்தப் பழகிவிட்டார். இப்போதெல்லாம் பேசுவதே குறைந்துவிட்டது. வெளியே போய்ப் பல நாள் ஆகிறது. காது அப்படியேதான் இருக்கிறது. டாக்டரம்மா சொன்ன அந்தக் 'கொஞ்சம்' கூட இல்லை.

மத்தியானம் சித்ரகலா அக்கா போன் செய்தார். மொபைலைக் காதில் வைக்காமல், ஸ்பீக்கரில் போட்டுத் தள்ளி வைத்துப் பேசினேன்.

"மாமியாருக்குத் தேவலையா கண்ணு?"

"பரவாயில்லக்கா."

"இரு இரு, உன்ற பாட்டு ஓடுது. கேளு."

போனை அந்தப் பெரிய ஸ்பீக்கர் பக்கம் நீட்டிவிட்டார். நான் மொபைலைப் பாயில் கவிழ்த்து, தலையணையை மேலே போட்டு, கையால் அழுத்திக்கொண்டேன். உள்ளங்கையில் லேசாகத் தெரிந்தது. டும். டும். கையை எடுக்க மனம் வரவில்லை. பாதி கையில் தெரிந்தது, மீதி எனக்கு மனப்பாடம். ஏறியது, நின்றது, இறங்கியது. வலிக்கவில்லை.

முடிந்த பிறகு மொபைலை எடுத்தேன்.

"கேட்டுச்சா கண்ணு?"

"கேட்டுதுக்கா. இன்னொரு தடவ போடுங்களேன்" என்றேன். மொபைலைக் கவிழ்த்து, தலையணையை மறுபடி அதன்மேல் வைத்துக் கையால் அழுத்தினேன்.