விதுராவில் ஒரு புல்வெளி

வெயில் ஏறுமுன் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிடும் என் அப்பாவுக்கு,

உங்கள் வசந்தா எழுதுகிறேன். ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை அப்பா. இந்தக் கடிதத்தின் முதல் பக்கத்தைத் திருவனந்தபுரம் பழவங்காடிப் பிள்ளையார் கோவிலுக்கு எதிரே ஒரு டீக்கடை பெஞ்சில் எழுதினேன். மீதியை ஹாஸ்டல் அறையில், மேஜைக்கும் ஜன்னலுக்குமாக நடந்துகொண்டே எழுதுகிறேன். பக்கத்து அறைப் பெண் எட்டிப் பார்த்து, "எந்தா சேச்சி, வல்ல ப்ரச்னவும் உண்டோ?" என்று, ஏதாவது பிரச்சினையா என்று கேட்டாள். உண்டு என்றேன். வேறு என்ன சொல்ல?

முதலில் வீட்டுச் செய்தி. தம்பி செல்வம் விதுரா நிலத்துக்கு ஆள் பார்த்துவிட்டான். அம்மா, நான், அவன் மூன்று பேரும் கையெழுத்துப் போட்டால் நிலம் கை மாறிவிடும். உங்கள் காரியம் முடிந்த ஈரம்கூடக் காயவில்லை, அதற்குள்ளாகவா என்று குதித்தேன். வருஷத் திதியே வரப்போகிறது அக்கா என்கிறான். அவனுக்குக் கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை, ஆறாவது மாடியில் வீடு. லிஃப்ட் இருக்கிறது, அம்மா இனி மேடு ஏறி இறங்க வேண்டாம் என்பது அவன் கட்சி. ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நெலத்த மட்டும் விட்டுராத மக்ளே" என்றீர்களே, அது என் கட்சி. திங்கட்கிழமை வாங்குகிறவர்கள் பதில் கேட்டு வருகிறார்கள்.

அடுத்து என் ஆராய்ச்சி. "இன்னுமா முடியல?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. முடியவில்லை. அதே நாவல்தான். கடல் கடந்து அமெரிக்காவுக்குப் போய், மரமே இல்லாத புல்வெளியில் ஏர் பூட்டிய குடியானவனின் கதை. உலகமெல்லாம் கொண்டாடிய நாவல் அது. படிக்கிறவர்கள் அவன் உழைப்பைப் பார்த்து வாயைப் பிளப்பார்கள், நானும் பிளந்தேன். எனக்குக் கூடுதலாக ஒரு காரணம் இருந்தது. தோவாளையிலிருந்து வந்து, திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் மூட்டை இறக்கி, ஒருநாள் திடீரென்று விதுரா மலைக்குக் கிளம்பி, காட்டுச் செடியை வெட்டி மரச்சீனிக் கிழங்கு நட்டு, அப்புறம் ரப்பர் வைத்த ஒரு ஆளை நான் பிறந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேனே. புத்தகத்தில் அவன் இடுப்பில் கை வைத்து நிலத்தைப் பார்க்கிற இடம் வந்தால் எனக்குத் தெரிவது உங்கள் முதுகுதான்.

அந்த மதில் ஞாபகம் இருக்கிறதா? அங்கே மரமும் இல்லை, கல்லும் இல்லை, அதனால் புல்லை வேரும் மண்ணுமாகக் கட்டி கட்டியாக அறுத்து, செங்கல் மாதிரி அடுக்கி வீடு கட்டினார்கள் என்று ஒரு லீவு நாளில் உங்களிடம் சொன்னேன். "புல்லுலயா வீடு? சும்மா அடிச்சு விடாத" என்றீர்கள். புத்தகத்தில் இருக்கிறது என்றேன். "புஸ்தகம் எழுதுனவன் மண்வெட்டி பிடிச்சிருப்பானா?" என்றீர்கள். நான் திருவனந்தபுரம் திரும்பியதும் மண்வெட்டியும் கையுமாகக் கிணற்றடிக்குப் பின்னால் இறங்கிவிட்டீர்கள்.

அடுத்த தடவை வந்தபோது இடுப்பளவுக்கு ஒரு மதில் நின்றது. பாதியை அடுத்த வீட்டு ஆடு மேய்ந்திருந்தது. நீங்கள் அதன் பக்கத்தில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்க, நான் போட்டோ எடுத்தேன். ஜூன் மாத இடவப்பாதி மழை பிடித்த முதல் வாரமே எஸ்.டி.டி. பூத்திலிருந்து ஹாஸ்டலுக்குக் கூப்பிட்டு, "மக்ளே, ஒங்க அமெரிக்கா விழுந்துட்டு" என்றீர்கள். நான் சிரித்த சிரிப்பில் வார்டன் வந்து முறைத்தாள். விதுரா மழையில் எந்தப் புல்கட்டி நிற்கும்? அது தெரியாதவரா நீங்கள்? தெரிந்தும் எனக்காகக் கட்டிப் பார்த்தீர்கள். அந்த போட்டோவை ஆய்வேட்டின் முதல் பக்கத்திலேயே ஒட்டுவது என்று முடிவு செய்து வைத்திருந்தேன்.

என் கைடு ரமணி டீச்சரிடம் எல்லா அத்தியாயத்தையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் போட்டோவைப் பார்த்து ரசித்தார், உங்களைப் பற்றி விசாரித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார்: "வசந்தா, ஈ கிருஷிக்காரன் கொள்ளாம். பக்ஷே அயாள்டெ பார்ய எவிடெ?"

குடியானவன் சரி, அவன் பெண்டாட்டி எங்கே என்கிறார். இருக்கிறாளே டீச்சர், அடுப்படியில் என்றேன். "அது தன்னெ", அதைத்தான் சொல்கிறேன் என்றுவிட்டுக் காகிதங்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். எனக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷம் பாடுபட்டு எழுதியதை ஒரே கேள்வியில் தட்டிவிட்டாரே என்று வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தேன்.

வந்து நாவலைத் திரும்ப எடுத்தேன். புல்வெளிக்குப் போகலாம் என்று அவன் முடிவு செய்கிற அத்தியாயம். அண்ணனிடம் யோசனை கேட்கிறான், பாதிரியாரிடம் கேட்கிறான், லாயத்தில் குதிரையிடம்கூட மனம் விட்டுப் பேசுகிறான். பக்கத்தைத் திருப்பினால் அவள் வண்டியில் உட்கார்ந்திருக்கிறாள், மடியில் குழந்தையோடு. நடுவில் ஒன்றும் இல்லை. ஜெராக்ஸ் எடுக்கும்போது ஒரு தாள் விட்டுப்போயிற்றோ என்று லைப்ரரிக்கு ஓடிப்போய் மூலப் புத்தகத்தைப் பார்த்தேன். விட்டுப்போகவில்லை அப்பா. புத்தகமே அப்படித்தான் இருக்கிறது.

லைப்ரரிப் படியில் இறங்கும்போது அந்தக் கேள்வி வந்தது. விதுராவுக்குப் போகலாமா என்று நீங்கள் அம்மாவிடம் கேட்டீர்களா? கூட்டாளியிடம் கேட்டது தெரியும், கடை முதலாளியிடம் சொல்லிக்கொண்டது தெரியும். நீங்கள் எத்தனையோ தடவை சொன்ன கதை. அந்தக் கதையில் அம்மா எங்கே வருவாள்? நெடுமங்காடு தாண்டி பஸ் திரும்பும்போது நான் அவள் மடியில் வாந்தி எடுத்தேன் என்ற இடத்தில் வருவாள். அதற்கு முன்னால்?

போன சனிக்கிழமை விதுரா பஸ்ஸில் ஏறினேன். அம்மாவைக் கையெழுத்துப் போடவிடாமல் செய்ய வேண்டும், அந்த மதிலைப் பற்றி ஒரு அடிக்குறிப்புக்கு இரண்டு விவரம் கேட்க வேண்டும். இதற்காகத்தான் போகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அம்மா அடுக்களையில் பலாக்கொட்டை நறுக்கிக்கொண்டிருந்தாள். "தம்பி என்ன சொன்னாலும் கையெழுத்துப் போடாதம்மா. அப்பாவோட நெலம். நான் பாத்துக்கிடுதேன்" என்றேன். "ம்" என்றாள். அவள் எப்போதும் சொல்கிற "ம்" தான், நானும் வழக்கம்போலச் சரி என்று எடுத்துக்கொண்டு மதிலைப் பற்றிக் கேட்டேன். எத்தனை நாள் நின்றது, எந்தப் பக்கம் சாய்ந்தது என்று.

"மதிலு கெடக்கட்டும். புல்லு கட்டிய எங்கேருந்து அறுத்தாருன்னு கேக்கமாட்டியா?"

"எங்கேருந்து?"

"எனக்க பிச்சிக்கொடி நின்ன எடம்."

எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று. வீட்டைச் சுற்றி ரப்பர், கொல்லைக் கதவு வரைக்கும் நிழல். வெயில் விழுகிறது கிணற்றடிக்குப் பின்னால் அந்த ஒரே இடத்தில்தான். தோவாளையிலிருந்து ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்த பிச்சிக்கொடியை அம்மா அங்கேதான் நட்டிருந்தாளாம். பூக்கார ஊரில் பிறந்தவள் பூச்செடி வைத்தாள் என்பதுகூட எனக்குத் தெரியாமல் போயிற்றே.

"நான் தெனமும் தண்ணி ஊத்துக எடம்லா, அங்கதான் புல்லு தழதழன்னு நிக்கும். சந்தைக்குப் போய்ட்டு வந்து பாக்கேன், கொடிய வேரோட பறிச்சு ஓரமா போட்டுட்டு, கட்டி கட்டியா அறுத்து அடுக்கிட்டு இருக்காரு. 'எட்டீ, அமெரிக்கா வருது பாரு'ங்காரு. சின்னப் புள்ள கணக்கா சிரிச்சிட்டு நிக்க ஆள்ட்ட என்னத்தச் சொல்ல?"

"கொடி என்னாச்சு?"

"மாத்தி வச்சேன். மழையில அழுகிப்போச்சு."

"ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"யாரு கேட்டா?"

கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. கத்தியை ஓட்டிக்கொண்டே சொன்னாள். தரையில் அவள் எதிரே உட்கார்ந்து, பிறந்ததிலிருந்து கேட்காத கேள்வியைக் கேட்டேன். "நீ எங்கம்மா இருக்கணும்னு நெனைக்க?"

"நீ இங்கேங்க, அவன் அங்கேங்கான். ரெண்டுபேரும் சண்ட போட்டு முடிச்சிட்டுச் சொல்லுங்க, பெட்டியக் கெட்டுகேன்."

"வெளையாடாதம்மா. கேக்கேன்லா."

அவள் என் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். உண்மையாகத்தான் கேட்கிறேனா என்று பார்த்திருப்பாள். "தோவாளைக்குப் போணும்" என்றாள். "தங்கச்சி வீட்டுக்கு."

"அங்க என்ன இருக்கு?"

"ஆளு இருக்கு மக்ளே, பேசுகதுக்கு ஆளு. காலம்பற பூ வந்து எறங்குனா பொம்பளைக வட்டமா இருந்து கெட்டுவாளுக. ஒருத்திக்கும் வாய் மூடாது. இங்க இந்த ரப்பர் மரத்துட்ட பேசிப் பேசி அதுக்கே சலிச்சிருக்கும். அவன் ஆறாம் மாடியில அதுவும் கெடையாது."

நான் அறிவு கெட்டுப்போய், "அப்பா போனப்புறம் நீ பூவ எப்படிம்மா..." என்று இழுத்தேன்.

"பூ வைக்கத்தானே கூடாது? கெட்டக்கூடாதுன்னு எவளாவது சொல்லட்டும், பாப்போம்!" என்றாள். அப்பா, நீங்கள் அந்தக் குரலைக் கேட்டதுண்டா? நான் கேட்டதில்லை.

இன்னொன்று கேட்காமல் என்னால் எழுந்திருக்க முடியவில்லை. "அன்னைக்கு அப்பா ஒன்ட்ட கேட்டிருந்தா? மலைக்குப் போலாமான்னு?"

கத்தி நின்றது. "வந்திருப்பேன்" என்றாள்.

"இம்புட்டு கஷ்டமும் தெரிஞ்சா?"

"தெரிஞ்சேதான். அவரு கூப்பிட்டா வராம இருப்பனா? கூப்பிடலியே மக்ளே. 'கெளம்பு'ன்னாரு."

பலாக்கொட்டையை அடுப்பில் ஏற்றினாள், இருவரும் சாப்பிட்டோம், கடைசி பஸ்ஸுக்கு வந்துவிட்டேன். அன்றிலிருந்து நடந்துகொண்டே இருக்கிறேன். உங்கள் மேல் அப்படிக் கோபம் வருகிறது. கோபம் வந்த கையோடு, ஆடு மேய்ந்த மதிலுக்குப் பக்கத்தில் நெஞ்சை நிமிர்த்தி நின்ற ஆளைக் கட்டிப்பிடித்து அழ வேண்டும்போலவும் இருக்கிறது. ஒரு வார்த்தைதானே அப்பா? குதிரையிடம் பேசியவனுக்கும் உங்களுக்கும் அந்த ஒரு வார்த்தை ஏன் வரவில்லை? வரமாட்டேன் என்று சொல்வாள் என்ற பயமா? வருவாள் என்ற நிச்சயமா? எது என்று தெரிந்தால் எனக்குத் தூக்கம் வரும்.

செல்வத்துக்கு போன் பண்ணிச் சொன்னேன். சண்டைக்குத் தயாராகத்தான் போனை எடுத்தான். பிறகு, "நானும் கேக்கலியேக்கா" என்றான். டீச்சரிடம் ஆறு மாதம் கூடுதலாகக் கேட்டிருக்கிறேன். வண்டியில் உட்கார்ந்திருக்கிற அந்தப் பெண்ணிலிருந்து முதல் அத்தியாயத்தைத் திரும்ப எழுதுகிறேன்.

திங்கட்கிழமை நான் கையெழுத்துப் போடுகிறேன் அப்பா. அம்மா தோவாளைக்குப் போய்விட்டால் அந்த நிலத்தில் யார் இருக்கப்போகிறார்கள்? ஆஸ்பத்திரியில் உங்களுக்குத் தலையாட்டினேன், அதை மீறப்போகிறேன். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. நீங்கள் வைத்த ரப்பரை வேறு யாரோ வெட்டுவார்கள், அதைப் பார்க்க எனக்குத் தாங்காது, ஆனாலும் போடுகிறேன்.

உங்களுக்கு வேறொரு வாக்குத் தருகிறேன். அம்மாவைத் தோவாளைக்குக் கொண்டுபோய் விடுகிற காலையில், பெட்டியைத் தூக்குவதற்கு முன்னால், அவள் எதிரே போய் நின்று "போலாமாம்மா?" என்று கேட்பேன். அவள் வாயைத் திறந்து பதில் சொல்லும் வரைக்கும் வாசலைத் தாண்ட மாட்டேன். நீங்கள் கேட்காமல் விட்டதையும் சேர்த்துத்தான் கேட்பேன்.

இந்தத் தடவை அம்மா கட்சிக்கு மாறிவிட்ட,
உங்கள் மூத்த மகள்
வசந்தா