என் பெயரை எடுக்கச் சொன்னது நீதானாமே

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் காய்ச்சல், இருமல் எதுவும் அண்டாமல் சௌக்கியமாக இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் அங்கே அப்படியே இருக்க வேண்டும். நான் இருக்கிற கோபத்துக்கு இதைக்கூட விட்டுவிட்டு நேராக விஷயத்துக்கு வந்திருக்கலாம், பெற்றவளாகப் போய்விட்டேன். போனில் சொன்னால் நடுவில் புகுந்து டென்ஷன் ஆகாதே அம்மா என்பாய், அதனால்தான் கடிதம். இதில் யாரும் குறுக்கே பேச முடியாது.

ஞாபகமறதி ஆராய்ச்சிக்கு நான் எதற்காகப் பெயர் கொடுத்தேன் என்று உனக்குத் தெரியும். உன் பெரியம்மா கடைசி நாலு வருடம் என்னைப் பார்த்து நீங்க எந்த வீடு என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒன்றும் செய்ய முடியவில்லை, இனி வருகிறவர்களுக்காவது ஆகட்டும் என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை போய் ரத்தம் கொடுத்தேன், அந்தக் குழாய் மெஷினுக்குள் தலையைக் கொடுத்தேன், பதினைந்து வார்த்தைகளைக் கேட்டு அரை மணி கழித்துத் திருப்பிச் சொன்னேன். கொரோனா ஊரடங்கு வந்ததும் ஆராய்ச்சி மையத்தைப் பூட்டிவிட்டு டெஸ்ட்டை போனில் வைத்தார்கள். அன்றைக்கென்று உன் அப்பா டிவியை அலறவிட்டுக்கொண்டிருந்தார், அவர் காதுக்கு அது கிசுகிசு. பதினைந்தில் ஆறுதான் வந்தது. டெஸ்ட் எடுக்கும் பெண் சரிங்கம்மா, அப்புறம் கூப்பிடுகிறோம் என்று வைத்தாள். பிறகு கூப்பிடவே இல்லை.

ஆறு வாரம், கண்ணு. எனக்கும் வந்துவிட்டது, சொல்லத் தயங்குகிறார்கள் என்றே நினைத்தேன். அடுப்பை அணைத்தேனா என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து போய்ப் பார்த்தேன். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்த காலத்து நம்பர்களை ஒப்பித்துப் பார்த்தேன், ஒன்று தப்பினால் அன்றைக்குச் சோறு இறங்காது. அப்பாவிடம் சொல்லவில்லை, அவர் முகம் மாறுவதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. மையத்திலிருந்து ஒரு அட்டை அனுப்பியிருந்தார்கள், தன்னார்வலர்களுக்கு மனக்கஷ்டம் என்றால் இந்த நம்பரைக் கூப்பிடலாம் என்று. கூப்பிட்டேன். பதிவு செய்த குரல். மூச்சை மெதுவாக இழுத்து விடுங்கள், ஒரு டம்ளர் தண்ணீர் குடியுங்கள் என்றது, பிறகு ஏதோ வாத்தியம் வாசித்தது, அவ்வளவுதான். தண்ணீர் குடிக்கவா இவர்கள் எனக்குச் சொல்லித்தர வேண்டும்?

அதையும் பொறுத்துக்கொண்டிருப்பேன். தையல்காரர் கூப்பிட்டதுதான் தாங்கவில்லை. என்னோடு அதே ஆராய்ச்சியில் இருப்பவர், காத்திருக்கும் அறையில் எனக்கு எதிர் நாற்காலி, என் ரவிக்கைத் தோள் ஏறி இறங்கியிருக்கிறது என்று முதல் நாளே சொன்ன மனிதர். அவர் மனைவி கொரோனாவில் ஆஸ்பத்திரியில் போய்ச் சேர்ந்துவிட்டாள், கடைசியாக முகம் பார்க்கக்கூட விடவில்லை. ஒன்பதாம் நாள் மையத்திலிருந்து தபால். உங்கள் கணவருக்கு மறதி கூடியிருக்கிறதா, மனைவி நிரப்பவும் என்று நாலு பக்கப் படிவம். என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "இத யார்கிட்டம்மா குடுக்கறது?"

போனை வைத்த கையோடு மையத்தைப் பிடித்தேன். எடுத்தவள் அதே டெஸ்ட் பெண். அவருக்காகக் கத்திவிட்டு, அதே சூட்டில் என்னை ஏன் அம்போவென்று விட்டீர்கள் என்றும் கேட்டேன்.  "உங்க மகதான் பேரை எடுக்கச் சொன்னாங்கம்மா. உங்களுக்குத் தெரிய வேணாம்னாங்க" என்றாள்.

 நான் அழவில்லை, பெரிய டாக்டரைக் கொடு என்றேன். மீட்டிங் என்றாள், முடியட்டும், நான் லைனில் இருக்கிறேன் என்றேன். நாற்பது நிமிடம் இருந்தேன். அவர் வந்ததும், "எங்க மூளையப் பத்தி மட்டும் இத்தனை கேள்வி கேக்கறீங்களே டாக்டர், மனசு யாரோட டிபார்ட்மெண்ட்?" என்றேன். அவசரத்தில் அதையெல்லாம் யோசிக்கவில்லை என்று ஒப்புக்கொண்டார், அந்த மட்டில் நல்ல மனிதர். இரண்டு வாரத்தில் மனநல ஆலோசகர் ஒருத்தியை வைத்தார்கள். உயிருள்ள குரல், வாரம் ஒருமுறை ஒவ்வொருவரையும் அவளே கூப்பிடுகிறாள். முதலில் தையல்காரரை என்று நான்தான் பிடிவாதமாகச் சொன்னேன். ஒரு மணி நேரம் அழுதாராம். நேற்று மறுபடி மெஷினில் உட்கார்ந்துவிட்டார், மாஸ்க் தைக்கிறார்.

இனி உன் கதைக்கு வருகிறேன். ஆராய்ச்சியில் சேரும்போது, என்னை நன்றாக அறிந்தவர் ஒருவர் வேண்டும் என்றார்கள், உன் பெயரைத்தான் கொடுத்தேன். என் மறதியைப் பற்றி அவர்கள் உன்னிடம் கேட்டபோது, அம்மா ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறாள், பயந்துவிடுவாள், பெயரை எடுத்துவிடுங்கள் என்றாயாம். தடுப்பூசி போட்டாயா என்று மூன்று முறை கேட்டேன், நிஜம்தான். மூன்று முறையும் நீ பதில் சொல்லவில்லை, அதனால் மூன்று முறை கேட்டேன். இதற்கு என் மூளையில் என்ன வியாதி? நான் பயப்படக் கூடாது என்று நீ செய்த காரியத்தில் ஆறு வாரம் பயந்தே செத்தேன். உனக்குக் கெட்ட எண்ணம் இல்லை என்று தெரியும். தெரிந்தும் ஆறவில்லை.

பெயரை மறுபடி சேர்த்தாயிற்று. டெஸ்ட்டும் திரும்ப வைத்தாயிற்று, அப்பாவை மொட்டை மாடிக்கு அனுப்பிவிட்டேன். வரும் வியாழன் பதினோரு மணிக்கு டாக்டர் முடிவைச் சொல்கிறார், ஆலோசகரும் கூட இருப்பாள். உனக்கு அப்போது விடியற்காலை ஐந்தரை, அலாரம் வைத்துக்கொள். நீ லைனில் இருக்கலாம், வாயைத் திறக்கக் கூடாது. நோய் இருக்கிறது என்றால் இருக்கிறது என்று என் காதில் விழட்டும். உன்னையே எனக்கு அடையாளம் தெரியாத நாள் என்று ஒன்று வந்தால், அன்றைக்கு எனக்காக நீ என்ன முடிவு செய்தாலும் எனக்குச் சம்மதம், அதையும் இந்தக் கடிதத்தில் எழுதியே கொடுக்கிறேன். அதுவரை என் விஷயத்தை முதலில் என்னிடம் சொல்.

நீயும் உன் குடும்பமும் ஒரு குறையும் இல்லாமல் நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும். பேத்திக்கு என் முத்தம். வியாழக்கிழமையை மறந்துவிடாதே.

கோபம் இன்னும் தீராத,
உன் அம்மா