திவ்யாவின் பல் ஆடிய வாரம்

12.6.2006, திங்கள்

விடியும்போதே புழுக்கம். ஏ ஷிப்ட். இருட்டோடு எழுந்து சோறு வடித்து, திவ்யாவுக்கு டப்பாவில் தயிர்சோறு, உருளைக்கிழங்கு. அவளைத் தூக்கத்தோடு தூக்கிக்கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டு மும்தாஜ் அக்காவிடம் விட்டுவிட்டு மில் பஸ். பள்ளிக்குக் கிளப்புவது அக்காதான். ஜெயந்தி இறந்தபின் இது இரண்டாவது ஜூன் மாதம். அம்மா இல்லாமல் ஒன்றாம் வகுப்புக்குப் போகிறாள்.

ரோலிங் மில்லில் கம்பி லோடு. லாரிகள் வரிசையாக. வெயிலில் இரும்பு மட்டுமல்ல, நிழலும் சுட்டது.

வாங்க: துணி சோப்பு, கொசுவத்தி, யூனிபார்ம் பாவாடைக்குக் கொக்கி.

சாயந்திரம் வந்தால் மு. அக்கா வாசலிலேயே. "தம்பி, டப்பாவ அப்டியே கொண்ணாந்து வச்சுகினு கீது பொண்ணு. காலைல நாஷ்டாவும் துன்னல. இன்னான்னு கேளு." கேட்டேன். பசியில்லையாம். உடம்பு சூடு இல்லை. வாயைக் கையால் மூடிக்கொண்டே பேசுகிறாள். எங்கே கற்றாளோ.

13, செவ்வாய்

தெரிந்துவிட்டது. ராத்திரி பல் தேய்த்துத் துப்பியதில் ரத்தம். நான் பார்ப்பதற்குள் சொம்பு நீரை ஊற்றி அலசிவிட்டாள். சிமென்ட் தரையில் இளஞ்சிவப்பாக ஓடியது.

"பல்லு ஆடுதா பாப்பா? இதுக்கா சாப்டாம கெடந்த?"

"ஆடல."

"அப்பா பாக்கறேன், காட்டு."

"ஆடலன்னு சொன்னேன்ல."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தேன். அவள் சத்தமில்லாமல் அழ ஆரம்பித்தாள். சத்தமில்லாத அழுகை எனக்கு ஆகாது. கதவோரம் உட்கார்ந்து செருப்பைத் துடைத்தேன்.

கஞ்சி கரைத்துக் கொடுத்தேன். பாதி குடித்தாள்.

14, புதன்

அடுத்த ஷிப்டுக்கு ரிலீவர் வரவில்லை. ஓ.டி. வீடு வரும்போது இருட்டிவிட்டது, கால் வீக்கம்.

மு. அக்கா நூல் கட்டிப் பிடுங்கப் பார்த்தாராம். திவ்யா கட்டிலுக்கு அடியில் போய் வெளியே வரவேயில்லை. "பல்லுக்கு இவ்ளோ பேஜாரா? எங்க நசீமா தானே புடுங்கி எறிஞ்சுடுச்சு." நசீமா அக்காவின் மகள், மூன்றாவது படிக்கிறாள். அவளைக் கூப்பிட்டு வாயைத் திறக்கச் சொல்லி, முன்னால் முளைத்த பெரிய பற்களை திவ்யாவுக்குக் காட்டினாராம். எப்படி முளைத்திருக்கிறது பார் என்று.

"அவளுக்கு அம்மா கீறாங்க" என்று மட்டும் திவ்யா சொன்னாளாம்.

அக்கா இதைச் சொல்லும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார். அம்மா நினைப்பு வந்துவிட்டது போல என்றேன். வேறு என்ன சொல்ல. சோற்றுப் பானையில் மிச்சம் இருந்ததைத் தின்றுவிட்டுப் படுத்தேன்.

15, வியாழன்

மத்தியானம் இடி. நாலு தூறல், நின்றுவிட்டது. புழுக்கம் இன்னும் அதிகம்.

பள்ளி விட்டு வந்தவளுக்குத் தலை சீவினேன். இன்னும் எனக்குப் பின்னல் நேராக வரவில்லை. சீப்பில் முடி வந்தது. சட்டென்று திரும்பிச் சீப்பைப் பிடித்துக்கொண்டாள்.

"இதுவும் கொட்டுதா?"

"சீவுனா நாலு முடி வரும். எல்லாருக்கும்தான்."

"அம்மாக்கும் மொதல்ல நாலுதான் வந்துச்சு."

சீப்பை அவள் கையிலிருந்து வாங்கினேன்.

"அப்றம் தலகாணி ஃபுல்லா. அழாத பாப்பா, புதுசா மொளைக்கும்னு அம்மா சொல்லுச்சு. மொளைக்கவே இல்ல. ஆஸ்பத்திரிக்கு போச்சு, வரல. இப்ப நீயும் மும்தாஜ் அத்தையும் பல்லு புதுசா மொளைக்கும்ன்றீங்க."

கடவுளே. இதைத்தான் வாய்க்குள் பூட்டி வைத்திருந்தாளா இத்தனை நாளும்.

ஆஸ்பத்திரிக்கு அலைந்த மாதங்களில் இவள் சின்னப் பிள்ளை, ஒன்றும் புரியாது என்று நினைத்தோம். மு. அக்கா வீட்டில் டி.வி. பார்த்துக்கொண்டிருந்தாள் என்று நினைத்தோம். தலையணையைக்கூடப் பார்த்திருக்கிறாள்.

சொன்னேன். கோர்வையாக வரவில்லை. "அம்மா பொய் சொல்லல பாப்பா. மொளைச்சிருக்கும். அதுக்குள்ள நோவு முந்திகிச்சு. முடி கொட்டுனது மருந்தால. அம்மா செத்தது முடி கொட்டி இல்ல, வயித்துல இருந்த நோவால."

செத்தது என்ற சொல்லை அவளிடம் இதுவரை நான் சொன்னதில்லை. சாமியிடம் போய்விட்டாள் என்றே சொல்லி வந்தேன். அவள் அதிரவில்லை. யோசித்தாள்.

"எனக்கும் வயித்துல நோவு கீதா?"

"இல்ல."

"உனக்கு எப்டி தெரியும்? அம்மாக்கு இருந்ததே உனக்கு தெரியல."

ஆமாம். தெரியவில்லை. வயிற்று வலி என்று ஜெயந்தி சொன்னபோது சோடா வாங்கிக் கொடுத்தவன் நான்.

"டாக்டரையே கேப்போம்" என்றேன்.

"நாந்தான் கேப்பேன்."

"நீயே கேளு."

பின்னல் பாதியில் நின்றது. அவளே ரப்பர் பேண்டு போட்டுக்கொண்டாள்.

16, வெள்ளி

நாளைக்கு லீவு கேட்டேன். சூப்பர்வைசர்: "இன்னாய்யா விஷயம்?" பெண்ணுக்குப் பல் என்றேன். "பல்லு விழறதுக்கெல்லாம் லீவா? எனக்கு முழுப் பல்லும் ஆடுது, நான் வர்ல?" சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். ஞாயிறு வாரவிடுமுறைதானே, அன்றைக்குக் கூட்டிப்போ என்றார். முடியாது, நாளையே வேண்டும் என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது போலிருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டார்.

17, சனி

பொன்னேரிக்கு ரயிலில். ஜன்னல் இடம். திவ்யா சட்டை நுனியை முறுக்கிக்கொண்டே வந்தாள்.

பல் டாக்டர் சின்ன வயதுப் பெண். நாற்காலி மேலே எழும்பியதும் திவ்யா நேராகக் கேட்டாள்: "பல்லு விழுந்தா நான் செத்துடுவேனா?"

டாக்டர் என்னைப் பார்த்தார். எங்கள் கதையைச் சுருக்கமாகச் சொன்னேன். கேட்டுவிட்டுக் கையிலிருந்த கருவியைத் தட்டில் வைத்தார். மாஸ்க்கைக் கழற்றினார். ஒரு சின்னக் கண்ணாடியை அவள் வாய்க்குள் விட்டு, இன்னொரு கண்ணாடியை அவள் கையில் கொடுத்தார்.

"ஆடற பல்லுக்குப் பின்னாடி பாரு. வெள்ளையா ஒரு கோடு தெரியுதா?"

"ம்."

"அதுதான் உன் புதுப் பல்லு. ஏற்கெனவே வந்துட்டுது. பழசு எப்ப எடம் விடும்னு காத்துட்டு இருக்கு."

நெடுநேரம் பார்த்தாள். நாக்கால் தடவிப் பார்த்தாள். "கரகரன்னு கீது" என்றாள்.

"உங்க அம்மாவுக்கு வந்தது வேற. அது வியாதி. இது நீ வளர்றது. விரலால ஆட்டிட்டே இரு, தானா வந்துடும்."

வயிற்றையும் பாருங்கள் என்றாள். பல் டாக்டர் அதற்கும் கை வைத்து அழுத்திப் பார்த்தார். வலிக்கிறதா என்று கேட்டார். இல்லையாம். நன்றாக இருக்கிறது என்றார்.

வெளியே வந்து ஒரு பன்னும் பாலும் வாங்கிக் கொடுத்தேன். பன்னைப் பாலில் தோய்த்து முழுவதும் தின்றாள். திரும்பும் ரயிலில் நான் தூங்கிவிட்டேன். கும்மிடிப்பூண்டியில் எல்லோரும் இறங்க எழுந்தபோது அவள்தான் தோளைத் தட்டினாள். வழியெல்லாம் விரலை வாயிலிருந்து எடுக்கவில்லை என்று எதிரில் இருந்த அம்மாள் இறங்கும்போது சொன்னார்.

18, ஞாயிறு

துணி துவைத்தேன். மலையாகக் கிடந்தது.

கொடியில் போட்டுக்கொண்டிருக்கும்போது வந்து உள்ளங்கையை நீட்டினாள். பல். அரிசி அளவுகூட இல்லை. வாயோரம் ஒரு சொட்டு ரத்தம்.

வாசற்படியில் போய் உட்கார்ந்தாள். கையை மூடிக்கொண்டு, நேராகத் தெருவைப் பார்த்துக்கொண்டு. எதற்கு என்று எனக்குப் புரிந்தது. ஈரக் கையோடு பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். தண்ணீர் லாரி ஒன்று போனது. நசீமா சைக்கிளில் வந்து பார்த்துவிட்டுப் போனாள். நிழல் படியைவிட்டு நகர்ந்து வெயில் காலில் விழுந்தது.

"ஒண்ணும் ஆவல" என்றாள்.

"ஆவல."

"பசிக்குது."

கூரைமேல் போடணும், பறவை பார்க்கக்கூடாது என்று மு. அக்கா சொன்னதால் சாணி உருண்டையில் வைத்துப் போட்டோம். முதல் தடவை ஆஸ்பெஸ்டாஸில் உருண்டு திரும்ப வந்துவிட்டது. இரண்டாம் தடவை நின்றது.

மாலையில் முதுகு வலி. அவள் தூங்கியபின் கொஞ்சம் அழுதேன். ஜெயந்தி இருந்திருந்தால் இந்த வாயை நூறு தடவை திறந்து பார்த்திருப்பாள்.

20, செவ்வாய்

நேற்று எழுதவில்லை. அலுப்பு. இந்த வாரம் பி ஷிப்ட். காலையில் நானே பள்ளிக்குக் கூட்டிப்போனேன். வழியில் பார்த்தவர்களிடமெல்லாம் ஓட்டையைக் காட்டினாள், வாட்ச்மேனிடம்கூட.

இன்று வயிறு சரியில்லை என்று பள்ளியில் இருந்து மத்தியானமே அனுப்பிவிட்டார்கள். பயந்துவிட்டேன். அளவுக்கு மீறி மாங்காய் தின்றிருக்கிறாள், அவ்வளவுதான். மு. அக்கா ஓமத்தண்ணீர் கொடுத்தார். வேலைக்குப் போவதா வேண்டாமா என்று யூனிபார்ம் போட்டபடி நின்றுகொண்டிருந்தேன். பாயில் படுத்தபடியே கூப்பிட்டாள்.

"அப்பா, பக்கத்து பல்லும் ஆடுது."

"எவ்ளோ ஆடுது?"

விரலை விட்டுப் பார்த்தாள். "கொஞ்சம்தான். நீ டூட்டிக்கு போ."