தராசு அறையில் உன் பாப்பா

இன்று காலை நம் கெமிஸ்ட்ரி லேபின் தராசு அறையைத் திறந்தேன். அடுத்த வாரம் இன்ஸ்பெக்ஷன் வருகிறது. அதற்குள் பழைய தராசுகளை அப்புறப்படுத்திவிட்டு டிஜிட்டல் தராசு வைக்க வேண்டுமாம். கதவைத் தள்ளியதும் அந்துருண்டையும் மர பாலிஷும் பூட்டிக் கிடந்த காற்றும் கலந்த வாசனை முகத்தில் அடித்தது. மற்றவர்களுக்கு அது பழைய அறையின் வாசனை. எனக்கு மட்டும் எங்கிருந்தோ பேபி பவுடர் வாசனையும் அதில் சேர்ந்து வந்துவிடுகிறது.

நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. போன மார்கழிப் புயலில் கடலூரே தலைகீழானதைக்கூட நீ பார்க்கவில்லை. இதை எழுதினால் யாரும் படிக்கப் போவதில்லை என்று தெரியும். நீ இருந்தபோதும் நான் பேசுவதில் பாதியைத்தான் கேட்பாய், மீதி நேரம் நீதான் பேசுவாய். இப்போதாவது குறுக்கே பேசாமல் கேள்.

இரண்டாயிரத்து நாலில் நாம் இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். சிதம்பரத்துக்கு வெளியே வயலை மேடாக்கிக் கட்டிய கல்லூரி. சுவரில் சுண்ணாம்பு காயவில்லை, ஆனால் முகப்பு வளைவு மட்டும் அரண்மனைக்குப் போல இருந்தது. திருவந்திபுரத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வந்து நான் முதலில் காலேஜ் பஸ் ஏறி உனக்கும் இடம் போட்டு வைப்பேன். முதுநகரில் நீ ஏறுவாய். ஏறும்போதே பேச்சு தொடங்கிவிடும். முதல் மாதம் ‘மேடம்’, ‘நீங்க’ எல்லாம் இருந்தது. பொங்கல் வருவதற்குள் ‘வாடி’, ‘போடி’ ஆகிவிட்டது. வெள்ளிக்கிழமை நான் சைவம். நீ மட்டும் டப்பாவைத் திறந்து, “வெள்ளிக்கெழமன்னா எங்களுக்கும் கறி கெடையாதுடி, மீன் மட்டும்தான்” என்று நெத்திலியை என் மூக்குக்கு நேரே நீட்டுவாய். கோயிலுக்குப் போக வேண்டிய நாளில் இது என்ன அநியாயம் என்று நான் கத்துவேன். டிரைவர் கண்ணாடியில் பார்த்துச் சிரிப்பார்.

கஷ்டம் இல்லாமல் இல்லை. மே மாதம் மற்ற ஊர்க்காரர்கள் நிழல் தேடுவார்கள். நாம் கையில் நோட்டீஸோடு பிள்ளை பிடிக்கப் போவோம். கம்மாபுரம் பக்கம் வெயிலில் வீடு வீடாக ஏறி, பிளஸ் டூ முடித்த பிள்ளை இருக்கிறதா என்று கேட்டால், நாய்கூட நம்மைப் பார்த்து அலுத்துக்கொண்டு படுத்துவிடும். அட்மிஷன் சேர்க்காத வாத்தியார் வாத்தியாரே இல்லை என்று கரஸ்பாண்டென்ட் மீட்டிங்கில் சொல்லுவார். ஆனால் லேபுக்குள் போனால் உனக்கு எல்லாம் மறந்துவிடும். டைட்ரேஷனில் பிள்ளைகள் அமிலத்தைக் கொட்டிக் கொட்டிக் கரைசலை ரோஜாப்பூ நிறத்துக்குக் கொண்டுபோய்விட்டால், “இவ்ளோ செவக்கக் கூடாதுடா, பொண்ணு பாக்க வந்தப்ப வெக்கப்படுமே, அந்த மாதிரி லேசா!” என்பாய். வீட்டிலேயே முதல்முறையாகக் கல்லூரிக்கு வந்த பிள்ளைகள் அவர்கள். அந்த லேசான நிறம் வந்துவிட்டால் பிள்ளைகளைவிட நீ பெரிதாகக் கத்துவாய். பக்கத்து வகுப்பிலிருந்து ஆள் அனுப்பிக் கேட்பார்கள்.

அந்தக் கல்லூரியில் ஒரு வழக்கம் இருந்தது. லெக்சரர் கர்ப்பமானால் ஏழாம் மாதம் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட வேண்டும். லீவு என்ற பேச்சே கிடையாது. குழந்தை பிறந்த பிறகு இடம் இருந்தால் புதிதாகச் சேர்ந்த ஆள் மாதிரி மறுபடியும் சேரலாம். இதை யாரும் கொடுமை என்று நினைத்ததாகத் தெரியவில்லை. வளைகாப்புக்குச் சேலை எடுப்பது போல அதையும் ஒரு சடங்காக எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். நீயும் எழுதினாய். உன் மூன்று வருட உழைப்பை பிரின்சிபால் ஒரு டிராயரில் வைத்து மூடினார்.

பாப்பாவுக்கு நாலு மாதம் ஆகும்போது பல்கலைக்கழகத்திலிருந்து இன்ஸ்பெக்ஷன் வந்தது. துறையில் ஆள் போதவில்லை. பிரின்சிபால் உனக்குப் போன் செய்தார். ஒருநாள் மட்டும் வந்து ஸ்டாஃபாக நின்றால் ஜூனில் வேலை நிச்சயம் என்றார். நீ அதை நம்பினாய். உன் வீட்டுக்காரருக்கு அப்போது சரியான வேலை இல்லை. அதைவிட, வீட்டில் உட்கார்ந்து உட்கார்ந்து உனக்கு மூச்சு முட்டியது. “சொவத்துக்கு கெமிஸ்ட்ரி நடத்துறேன்டி” என்றாய், சிரிக்காமல்.

பாப்பாவை வைத்துக்கொள்ள அன்று ஆள் கிடைக்கவில்லை. புட்டிப்பாலையும் அது தொடாது. அதனால் கூடவே தூக்கி வந்தாய். நான்தான் தராசு அறையைக் காட்டினேன். அங்கே மருந்து வாடை வராது. தராசுத் தட்டு ஆடக் கூடாது என்று ஜன்னலை எப்போதும் சாத்தியே வைத்திருப்போம். மேசைக்கு அடியில் பழைய சேலையை விரித்துப் படுக்க வைத்தோம். “வெயிட்டு போட்டுப் பாத்துருவமா?” என்று நீ தராசைக் காட்டினாய். மில்லிகிராம் தராசில் பிள்ளையை நிறுத்தால் கண்ணாடிப் பெட்டி நொறுங்கிவிடும் என்று சிரித்தோம். எடை பார்க்கும்போது போடாத ஃபேனை அன்று போட்டுவிட்டோம். பாப்பா தூங்கியது. பக்கத்து அறைகளில் கரஸ்பாண்டென்டின் மருமகள் லைப்ரேரியனாகவும், யாரோ ஒரு கண்ணாடிக்காரர் கணிதப் பேராசிரியராகவும் உட்கார்ந்திருந்தார்கள். ஆக, நீ மட்டும்தான் உண்மையான வாத்தியார்.

முதலில் கம்ப்யூட்டர் லேப், பிறகு லைப்ரரி, சாப்பாட்டுக்கு அப்புறம்தான் நம்முடையது என்று ஏற்பாடு. கரண்ட் போய்விட்டது. இருட்டான கம்ப்யூட்டர் லேபில் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை என்று இன்ஸ்பெக்ஷன் குழு நேராக நம்மிடம் வந்துவிட்டது. ஃபேன் நின்றது பாப்பாவுக்கும் தெரிந்துவிட்டது.

முதலில் ஒரு சின்ன முனகல். பிறகு வீறிட்டு ஓர் அழுகை. லேபில் வரிசையாக நின்ற எல்லோரும் பர்னரைப் பார்த்தோம், ஏதோ பர்னர்தான் அழுகிறது என்பது போல. குழுவில் ஒரு அம்மா இருந்தார், நரைத்த கொண்டை, காட்டன் சேலை. அவர் நடந்துபோய்த் தராசு அறைக் கதவைத் திறந்தார். “யாரோட கொழந்தை இது?”

எனக்கு என்ன தோன்றியதோ தெரியவில்லை. “என்னுது மேடம்!” என்றேன்.

என் சேலையில் குத்தியிருந்த அட்டையில் பெயருக்கு முன்னால் ‘செல்வி’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அந்த அம்மா அட்டையைப் பார்த்தார், வெறும் கழுத்தைப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார். பிரின்சிபால் கைக்குட்டையை எடுத்தார். அதற்குள் நீ என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டாய். உன் ஜாக்கெட் நனைந்திருந்தது. அதற்கு மேல் யாரும் எதையும் மறைக்க முடியாது.

“மொதல்ல பசியமத்தும்மா” என்றார் அந்த அம்மா. ஆண்களை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்தினார். உள்ளே நாம் மூவரும் பாப்பாவும். நீ ஸ்டூலில் உட்கார்ந்து பால் கொடுத்தாய். கொஞ்ச நேரம் பொறுத்து அவர் சாதாரணமாகத்தான் கேட்டார்: “மெட்டர்னிட்டி லீவு முடிஞ்சு வந்துட்டியா?”

‘ஆமா’ என்று ஒரு வார்த்தை. ஜூனில் வேலை. மறுபடி பஸ், மறுபடி லேப். அந்த அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்று நான் ஆட்டு ஆட்டென்று தலையை ஆட்டினேன். நீ என்னைப் பார்க்கவே இல்லை. குனிந்து பாப்பாவைப் பார்த்தாய்.

“லீவு இல்ல மேடம். ரிசைன் பண்ண வச்சிட்டாங்க. இன்னிக்கு மட்டும் வரச் சொன்னாங்க.”

அவர் பாப்பாவின் உள்ளங்காலை ஒருமுறை தொட்டுவிட்டு வெளியே போனார்.

பிரின்சிபால் கெட்டவர் இல்லை. ஓய்வு பெற்ற பிறகு இந்த மேனேஜ்மென்டிடம் வந்து மாட்டிக்கொண்டவர். “ஒரு ஆமா சொல்லியிருக்கலாமேம்மா” என்றார், கிட்டத்தட்ட அழும் குரலில். சாயங்காலம் பஸ்ஸில் நான் உன்னைத் திட்டித் தீர்த்தேன். அரிச்சந்திரனுக்குப் பக்கத்து வீடா நீ என்று கேட்டேன். புதுச்சத்திரம் தாண்டும்வரை நீ வாயே திறக்கவில்லை. உன்னை அப்படி நான் பார்த்ததே இல்லை. பிறகு சொன்னாய்:

“பால் குடுத்துக்கிட்டே எப்படிடி பொய் சொல்றது? அது என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருந்துச்சு.”

சொல்லிவிட்டு அழுதாய். நானும் அழுதேன். பாப்பா மட்டும் ஜன்னல் காற்றுக்குச் சிரித்துக்கொண்டு வந்தது.

ஜூனில் உன்னை யாரும் கூப்பிடவில்லை. முதுநகரில் ஒரு பள்ளிக்கூடத்தில் பிளஸ் டூவுக்குக் கெமிஸ்ட்ரி எடுக்கப் போனாய். அங்கே உடைந்த பியூரெட்டுகளும் கூட்டமான வகுப்பும்தான். அங்கேயும் கத்தியிருப்பாய், எனக்குத் தெரியும். நான் தினமும் உனக்கு இடம் போடாமல் அந்த பஸ்ஸில் போய் வந்தேன். முதுநகரில் பஸ் நிற்கும்போது பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்ளும் பழக்கம் மட்டும் போகவில்லை.

பிறகு எனக்குக் கல்யாணம் ஆகி, ஏழாம் மாதமும் வந்தது. எல்லோரையும் போல ராஜினாமா எழுதிக்கொண்டு போனேன். பிரின்சிபால் அதைத் திருப்பித் தந்துவிட்டார். “லீவு லெட்டர் எழுதிக் குடும்மா. இப்பல்லாம் இன்ஸ்பெக்ஷன்ல மொதக் கேள்வியே அதான் கேக்குறாங்க. அன்னிக்கு அந்த மேடம் வந்துட்டுப் போனதுலேருந்து நம்ம காலேஜ்ல மட்டும் விடாமக் கேக்குறாங்க” என்றார். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் மேசையைப் பார்த்தார்.

அன்று உனக்குப் போன் செய்தேன். எப்படிச் சொல்வதென்று தெரியாமல் சுற்றி வளைத்துச் சொல்லி முடித்தேன். நீ முழுவதும் கேட்டுவிட்டுச் சொன்னாய்:

“நல்லா இருடி. எனக்குக் கொஞ்சம் வயித்தெரிச்சலாத்தான் இருக்கு, சொல்லிட்டேன். நாளைக்குச் சரியாயிடும்.”

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மாதா கோயில் பூசை முடிந்ததும் கையில் மீன் குழம்போடு என் வீட்டு வாசலில் நின்றாய். பிள்ளைத்தாச்சிக்கு ஆசையாக இருக்குமாம். அந்த வாசலில் உன் வயிற்றெரிச்சலையும் உன் அன்பையும் பிரிக்க முடியாமல் நான் நின்றது நினைவிருக்கிறதா? உன்னிடம் நன்றி என்று அன்று சொல்லவில்லை. சொன்னால் குழம்பைத் தலையில் கொட்டியிருப்பாய். அடுத்த வருடமே நோய் வந்து, மழைக்காலத்தில் நீ போய்விட்டாய்.

இப்போது நான்தான் துறைத் தலைவி. போன மாதம் இரண்டு பேர் வேலையை விட்டுப் போனார்கள். நேற்று கரஸ்பாண்டென்ட் கூப்பிட்டு, வேறு கல்லூரியிலிருந்து இரண்டு பெண்கள் வருவார்கள், இன்ஸ்பெக்ஷனில் நம் துறை ஆட்கள் என்று அறிமுகப்படுத்துங்கள் என்றார். “அது என்னால முடியாது சார்” என்றேன். “உங்க வீட்டுலயும் சின்னக் கொழந்தை இருக்கு, யோசிச்சுக்குங்க மேடம்” என்றார். மிரட்டினாரா, அக்கறையாகச் சொன்னாரா என்று இன்னும் புரியவில்லை. எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. உன்னைப் போல எனக்குத் தைரியம் கிடையாது, அது உனக்கும் தெரியும்.

ஆனால் இன்று காலை அந்த மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தேன். உன் பாப்பா இப்போது முதுநகரில் ஸ்கூலுக்குப் போகிறது, பல் விழுந்து பேசுகிறது. இருந்தாலும் அந்த இடத்தில் அது இன்னும் படுத்துக்கொண்டு என் மூஞ்சியையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது.