மூன்று படங்களுக்குள்

மார்ச் 3

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே நலம். நீயும் உன் மனைவியும் அம்மாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஃபோனில் நாம் பேசினால் "அம்மாவுக்கு இடது கண்ணில் இரண்டு சொட்டு, வலது கண்ணில் ஒன்று" என்பதோடு பேச்சு தீர்ந்துவிடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன். காகிதத்தை, ஃபோனைப் போல, நீ நடுவில் வைத்துவிட முடியாது.

எங்கள் கம்பெனி ஒரு பழைய சண்டை விளையாட்டைப் புதிதாகச் செய்கிறது. கடைத்தெரு விளையாட்டுக் கடையில் நாம் ஆடினோமே, மரப்பெட்டி மிஷின், அதே விளையாட்டு. இப்போது வருகிற சண்டை விளையாட்டுகளில் ஒரு பொத்தானை அழுத்தினால் பத்து அடி தானாக விழுகிறது, திரை முழுக்க மின்னல் வெட்டுகிறது. ஆடுகிறவர்களுக்கு அது அலுத்துவிட்டது. ஒரு பொத்தானுக்கு ஒரு அடி, ஒரு தவறுக்கு ஒரு அடி என்ற பழைய முறையைப் புதுப் படங்களோடு திரும்பக் கொண்டுவருகிறோம். சண்டை விதிகள் என் பொறுப்பு.

அதற்காக அந்தப் பழைய மிஷினின் போர்டு ஒன்றைத் தேடிப் பிடித்து, கம்ப்யூட்டரில் இணைத்து, ஒவ்வொரு படமாக நிறுத்திப் பார்த்தேன். ஒரு நொடிக்கு அறுபது படம். அடியைத் தடுக்க எல்லோரும் ஸ்டிக்கைப் பின்னால் இழுப்போம். அப்படியும் உயிர் கொஞ்சம் குறையும். ஆனால் அடி விழுவதற்கு முந்தைய மூன்று படங்களுக்குள் ஸ்டிக்கை முன்னால், அடியை நோக்கியே, தள்ளினால் அந்த அடி இல்லாமல் போகிறது. ஒரு துளி உயிர்கூடக் குறையவில்லை. விளக்கப் புத்தகத்தில் இது கிடையாது. எழுதியவர்கள் வேண்டுமென்று வைத்தார்களா, மறந்து விட்டார்களா, தெரியாது.

அந்தக் கடையில் கோப்பைக்காக நடந்த போட்டியில், நீயும் நானும் ஆடிய இறுதி ஆட்டத்தில் நீ செய்தது இதுதான். நான் உன்னை ஏமாற்றுக்காரன் என்றேன். தப்பு என்னுடையது. இருபத்திரண்டு வருஷம் கழித்துச் சொல்கிறேன், மன்னித்துவிடு.

இப்போது ஒரு உதவி. மூன்று படம் என்றால் நொடியில் இருபதில் ஒரு பங்கு. எங்கள் சோதனைக் குழுவில் எட்டுப் பேர், நாளெல்லாம் இதையே ஆடுகிறவர்கள். நூறு தடவைக்கு நாலு தடவை அமைகிறது, அதுவும் குருட்டாம்போக்கில். எங்கள் தலைவி, "யாராலும் செய்ய முடியாத வித்தை எதுக்கு? எடுத்துடு. இல்ல, மூணைப் பன்னிரண்டாக்கு" என்கிறாள். பன்னிரண்டாக்கினால் தூங்குகிறவனும் செய்வான். அப்புறம் அதில் என்ன இருக்கிறது? மாதக் கடைசிவரை நேரம் கேட்டிருக்கிறேன். நீ அந்த ஒரே ஆட்டத்தில் பதினொரு தடவை செய்தாய். எப்படி? என் தோளைப் பார்த்தாயா? திரையில் ஏதாவது அடையாளம் தெரிந்ததா? மனதுக்குள் எண்ணினாயா? எந்த விரலால் ஸ்டிக்கைப் பிடித்தாய்? நினைவுக்கு வருவதையெல்லாம் எழுது.

உன் அக்கா

மார்ச் 11

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் வந்தது. அம்மாவுக்குக் கண் பரவாயில்லை. சொட்டு மருந்து இப்போது இரண்டு கண்ணிலும் ஒன்றுதான், டாக்டர் குறைத்துவிட்டார்.

எனக்கு வேலை அதிகம். ஒரு ஆஸ்பத்திரியில் ஆறு லிஃப்ட், ஒன்று மட்டும் ஐந்தாம் மாடி தாண்டும்போது முனகுகிறது. கம்பெனியிலிருந்து வந்தவர்கள் மீட்டர் எல்லாம் வைத்துப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார்கள். நான் கதவில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு இரண்டு தடவை ஏறி இறங்கினேன். வழிகாட்டிச் சக்கரம் ஒன்று தேய்ந்திருந்தது. மாற்றியாயிற்று.

உன் கடிதத்தை இவள் சத்தமாகப் படித்தாள். படித்துவிட்டு, "மன்னிப்பு நாலு வரி, கேள்வி ஒரு பக்கம். உங்க அக்கா நல்லாவே வேலை வாங்குறாங்க" என்றாள். நான் சொல்லவில்லை, அவள் சொன்னது. நான் மறுக்கவும் இல்லை.

அந்த ஆட்டம் எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை. உன் புது விளையாட்டு நன்றாக வரட்டும்.

தம்பி

மார்ச் 16

அன்புள்ள தம்பிக்கு,

உன் மனைவி சொன்னது சரி. முதல் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு. வித்தையை விளையாட்டிலிருந்து எடுத்துவிடலாம் என்று தலைவியிடம் நேற்றே சொல்லிவிட்டேன். இனி உன்னிடம் கேட்க எனக்கு எதுவும் இல்லை. சொல்ல மட்டும் இருக்கிறது.

அன்று எனக்குப் பதினாலு வயது, உனக்குப் பதினொன்று. நான் தோற்றால் தெருவில் உள்ள அத்தனை பேர் முன்னால் தம்பியிடம் தோற்றவள் ஆவேன். உனக்கு ஒரு கோடு உயிர்தான் மிச்சம். நான் கடைசி அடியை விட்டேன். நீ பின்வாங்கவில்லை, அடிக்குள்ளேயே நடந்து வந்தாய். அடி காணாமல் போனது. அப்புறம் நீ அடித்த அடி மட்டும் இருந்தது. "மிஷினை நோண்டிட்டான்! பாக்கெட்ல ஸ்க்ரூடிரைவர் இருக்கு பாருங்க!" என்று நான் கத்தினேன். ஸ்க்ரூடிரைவர் உண்மையிலேயே இருந்தது. கடைக்காரருக்குக் கூடமாட நின்று பல்பு மாற்றுவாயே, அதற்காக. உயரம் போதாமல் நீ ஏறி நிற்கிற மரப்பெட்டியைக்கூட ஒருவன் கவிழ்த்துப் பார்த்தான். கோப்பையை உன் கையிலிருந்து வாங்கி என்னிடம் தந்தார்கள். அப்பா உன் ஸ்க்ரூடிரைவர் டப்பாவைப் பூட்டி வைத்தார்.

இவ்வளவும் உனக்குத் தெரியும். தெரியாதது இது. மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது கடைக்காரர் என்னைக் கூப்பிட்டார். "பாப்பா, மிஷினைத் திறந்து பார்த்துட்டேன். நான் ஒட்டின சீல் ஒட்டினபடியே இருக்கு. உன் தம்பி கையே வெக்கல. வீட்ல சொல்லிடு" என்றார். சரி என்று தலையாட்டினேன். வீட்டுக்கு வந்தேன். அப்பா வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். "என்னம்மா?" என்று கேட்டார். "ஒண்ணுமில்லப்பா" என்றேன்.

யோசித்துப் பார்த்தால் கோபத்தில் கத்தியது என் தப்பு இல்லை, தம்பி. அது பதினாலு வயசின் தப்பு. அந்த "ஒண்ணுமில்ல"தான் என்னுடையது. மறுநாளும் சொல்லவில்லை, அப்பா போகும்வரை சொல்லவில்லை. நீ அதற்கப்புறம் என்னிடம் சண்டையே போடவில்லை. அதைப் பெருந்தன்மை என்று சௌகரியமாக எடுத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் சொல்லிவிட்டேன். பதில் எழுத வேண்டும் என்று இல்லை.

அக்கா

மார்ச் 24

அக்கா,

நீ ஃபோனை வைத்த பிறகு அம்மா கூப்பிட்டாள். "உங்க அக்கா இப்பத்தான் கண்டுபிடிச்சாளாமே! எனக்கு அன்னைக்கே தெரியும். ஏமாத்தத் தெரிஞ்ச புள்ளன்னா கணக்குப் பரீட்சையில முப்பத்தி ரெண்டா வாங்குவான்?" என்றாள். இத்தனை வருஷம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீ கேக்கலியே" என்கிறாள். உனக்கும் எனக்கும் அந்த ஊமைக்குணம் எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறதா?

கடைக்காரர் விஷயம் எனக்குத் தெரியாது. இரண்டு நாள் உன்மேல் நன்றாகக் கோபமாக இருந்தேன். இவளிடம் சிடுசிடுத்தேன். மூன்றாம் நாள் வேலையில், லிஃப்ட் குழிக்குள் நின்றுகொண்டு யோசித்தபோது ஒன்று தோன்றியது. நீ எழுதாவிட்டால் இது எனக்கு என்றைக்கும் தெரியப்போவதில்லை. இத்தனை வருஷமும் உன்னையும் கடைக்காரரையும் தவிர அதைத் தெரிந்தவர் யாரும் இல்லை. எவரும் கேட்காத ஒன்றை வலிய வந்து ஒப்புக்கொள்வது எளிதல்ல. நன்றி, அக்கா. இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் எழுதிவிட்டேன்.

எனக்கு அந்த ஆட்டம் ஞாபகம் இல்லை என்றது பொய். ஒவ்வொரு அடியும் ஞாபகம் இருக்கிறது.

நான் உன் தோளையும் பார்க்கவில்லை, திரையையும் பார்க்கவில்லை. கண்ணால் பார்த்துக் கை அசைவதற்குள் அடி விழுந்துவிடும். எனக்குத் தெரிந்தது முழங்காலில். அந்த மிஷினுக்கு இடது பக்கம் கீழே, பலகைக்குப் பின்னால், ஸ்பீக்கர். ஒவ்வொரு பெரிய அடிக்கும் சத்தம் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் அதற்குள் "டக்" என்று ஒன்று உதைக்கும். கடை இரைச்சலில் காதுக்குக் கேட்காது. நான் பெட்டிமேல் நின்றதால் என் முழங்கால் சரியாக அந்தப் பலகையில் முட்டிக்கொண்டிருக்கும். மற்றவர்களுக்கெல்லாம் அங்கே தொடை, அது பலகையில் படாது. நீ எப்போதும் வலது பக்கம். அதனால் யாருக்கும் தெரியவில்லை. எனக்கும் அது வித்தை என்று தெரியாது. எல்லோருக்கும் முட்டுகிறது என்றுதான் நினைத்திருந்தேன்.

உதைத்த உடனே தள்ள வேண்டும். யோசித்தால் போச்சு. உனக்கு வராது, நீ யோசிக்கிற ஆள்.

நீங்கள் போர்டை மட்டும் கழற்றிக் கம்ப்யூட்டரில் மாட்டியிருப்பீர்கள், ஸ்பீக்கரைத் தூக்கிப் போட்டிருப்பீர்கள். பழைய ஸ்பீக்கரை மாட்டிக் கைவைத்துப் பார். எடுத்துவிட்டேன் என்று எழுதியிருந்தாய். திரும்ப வைக்க முடியுமானால் வை. கேட்டதற்காகச் சொல்லவில்லை. நீ கேட்பதை நிறுத்திவிட்டாய், அதனால் சொல்கிறேன்.

பொடியன்

ஜூன் 9

அன்புள்ள பொடியனுக்கு,

இந்தப் பெயரை எழுதி எத்தனை வருஷம்! நீ கையெழுத்துப் போட்டதைப் பார்த்துவிட்டு ஆபீசில் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். பக்கத்து நாற்காலிக்காரன் ஏசி குளிரா என்றான். ஆமாம் என்றேன்.

ஸ்பீக்கரைக் குப்பையில் போடவில்லை, போர்டோடு வந்த அட்டைப்பெட்டியில் கிடந்தது. மாட்டினோம். உள்ளங்கையை வைத்தேன். இருந்தது! அளந்தால் அடிக்குச் சரியாகப் பன்னிரண்டு படத்துக்கு முன்னால். சத்தத்தைத் திறந்துவிடும்போது பழைய ஆம்ப்ளிஃபயர் கொடுக்கிற உதறல். குறை என்று நினைத்து எங்கள் ஒலிக்காரர் முதல் வேலையாக அதைத்தான் துடைத்து எடுத்திருந்தார். "ரெண்டு வாரம் உக்காந்து சுத்தம் பண்ணினேன்" என்று தலையில் கைவைத்துக்கொண்டார். இப்போது அழுக்கைத் திரும்ப வைப்பதற்கு மூன்று வாரம் உட்கார்ந்தார்.

இந்தக் காலத்தில் யாரும் மரப்பலகையில் முழங்காலை முட்டிக்கொண்டு ஆடுவதில்லை. ஆனால் கையில் பிடிக்கிற கன்ட்ரோலரில் அதிர்கிற மோட்டார் இருக்கிறது. அந்த "டக்"கை இடது உள்ளங்கைக்குக் கொண்டுவந்தோம். மூன்று படத்தை மூன்றாகவே விட்டோம். சோதனைக் குழுவிடம் ஒன்றும் சொல்லாமல் கொடுத்தோம். முதல் நாள் யாருக்கும் தெரியவில்லை. மூன்றாம் நாள் ஒரு பெண், "எப்படின்னு தெரியல, கை தானா தள்ளுது" என்றாள். இப்போது அவளுக்கு நூற்றுக்கு அறுபது. தலைவியே "இருக்கட்டும்" என்றுவிட்டாள். எனக்கு? பதினேழு. நீ சொன்னது சரி, யோசிக்கிறேன்.

வித்தைக்குப் பெயர் வைக்கச் சொன்னார்கள். "பொடியன் தள்ளு" என்று வைத்தேன். விளையாட்டின் கடைசியில் வேலை செய்தவர்கள் பட்டியல் ஓடும். அதில் உனக்கு ஒரு வரி இருக்கிறது: கண்டுபிடித்தவர், லிஃப்ட் மெக்கானிக், அக்காவைத் தோற்கடித்தவர். வழக்கறிஞர் பிரிவு கடைசிச் சொற்களை எடுக்கச் சொன்னது. எடுக்கமாட்டேன் என்றேன்.

விளையாட்டையும் இரண்டு கன்ட்ரோலரையும் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். கோப்பை என்னிடம்தான் இருக்கிறது. நாலு வீடு மாறியும் என்னோடு வந்தது, எந்த அலமாரியிலும் வெளியே வைத்ததில்லை. அடுத்த பார்சலில் அனுப்பட்டுமா?

அக்கா

ஜூன் 28

அன்புள்ள வாத்தியாரம்மாவுக்கு,

நீ என் பழைய பெயரில் எழுதினாய், நானும் உன் பழைய பெயரிலேயே தொடங்கிவிட்டேன். பார்சல் வந்தது. டிவியில் மாட்ட நான் அரை மணி நேரம் திணறினேன், இவள் ஐந்து நிமிஷத்தில் மாட்டினாள். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவளுக்குக் கையும் காலும் வேகம். முதல் மூன்று ஆட்டம் என்னை அடித்துத் துவைத்தாள். நாலாவது ஆட்டத்தில் இடது உள்ளங்கையில் அந்த "டக்" வந்தது. நான் ஒன்றும் செய்யவில்லை, அக்கா. கை தானே தள்ளியது. அடி காணாமல் போனது.

"இது என்ன? ஏமாத்து! ஏங்க, நீங்க எதையோ நோண்டிட்டீங்க!" என்று இவள் கன்ட்ரோலரைச் சோபாவில் எறிந்தாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது பார், நிறுத்தவே முடியவில்லை. அம்மா உள்ளேயிருந்து ஓடிவந்துவிட்டாள். அந்த வார்த்தையை யாராவது விளையாட்டுக்குச் சொன்னால்கூட இத்தனை வருஷமும் எழுந்து போய்விடுவேன். இன்று உட்கார்ந்து சிரித்தேன். இறுதிப் போட்டி முழுவதையும் முதல் தடவையாக இவளுக்கு ஒவ்வொரு அடியாகச் சொன்னேன். பட்டியல் ஓடியபோது அம்மா என் வரியை நிறுத்தச் சொல்லி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, எழுத்துக் கூட்டி இரண்டு தடவை படித்தாள். இரண்டு கண்ணாலும்.

நீ செய்தது எனக்குப் போதும். அதற்கு மேலேயே செய்துவிட்டாய்.

கோப்பையைப் பார்சலில் அனுப்பாதே. அங்கேயே இருக்கட்டும், வெளியே எடுத்து வை. அடுத்த மாதம் இரண்டாம் வாரம் எனக்கு நாலு நாள் லீவு. மூன்று பேரும் வருகிறோம். மூன்று சுற்று, ஜெயித்தவருக்குக் கோப்பை. இந்தத் தடவை இடது பக்கம் நீ உட்கார்.

உன் கட்டடத்தில் லிஃப்ட் இருக்கிறது என்று அம்மா சொன்னாள். பராமரிப்பு யார் என்று விசாரித்து எழுது. தெரியும்வரை நான் படியில்தான் ஏறுவேன்.

பொடியன்

அண்ணி, கொஞ்சம் இடம் இருந்தது, அதனால் நானும் எழுதுறேன். உங்க முதல் கடிதத்தைக் கிழிச்சுப் போடச் சொன்னீங்களாமே. கிழிக்கல. மடிச்சு வேலைப் பையில, ஸ்க்ரூடிரைவர் உறைக்குள்ள வெச்சிருக்கார். கோப்பையை நல்லாத் தேய்ச்சு வைங்க. உங்க ரெண்டு பேர்ல யார் ஜெயிச்சாலும் அதுல டீ குடிக்கப்போறது நான்தான்.