மானுக்குப் பிடிக்காத மறைப்பு

1986 செப்ரெம்பர் 3, புதன்

இன்றைக்கு இவர் ஒரு பொய் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். புதிதல்ல, ஆனால் இந்தத் தடவை ஜெர்மன் மொழியில்.

பேக்கரிக்கார வைட்னருக்கு இந்த ஊர்க் காட்டில் மான் சுடும் உரிமை இருக்கிறது. போன மாதம் முழங்காலில் ஒப்பரேசன் செய்தவர், இனி ஏணி ஏறிப் பரணில் இருக்க ஏலாதாம். ஆகவே தரையில் தடி நட்டுக் கட்டுகிற துணி மறைப்பு ஒன்று வேண்டுமாம். அதற்குப் பின்னால் முக்காலி போட்டு ஒளிந்திருப்பது, முடிந்ததும் கழற்றிச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு வேறு இடம் போவது. தூக்கிக்கொண்டு வர ஒரு ஆள் தேடுகிறார். பாண் வாங்கப் போன என் மனுஷன் இதைக் கேட்டுவிட்டு, தான் வன்னிக் காட்டு ஆள், மானோடேயே வளர்ந்தவன் என்று சொல்லியிருக்கிறார்.

பிறந்தது காடே இல்லாத கொக்குவிலில். வன்னியில் இரண்டு வருஷம் சங்கக்கடை மனேஜர். மானை இவர் கண்டது வத்தல் இறைச்சிக் கறியில் மட்டும்தான்.

"ஏனப்பா இந்தப் புழுகு?" என்று கேட்டேன்.

"பேக்கரிக்கு மேலை ரெண்டு அறை சும்மா கிடக்கு, மல்லிகா. மனுசனோடை பழகினால்தானே வாய் திறந்து கேக்கலாம்."

அதற்குமேல் ஏச முடியவில்லை. அகதிகளை வைத்திருக்கிற இந்த ஹைமை, பதினெட்டுப் பேருக்கு ஒரு குசினி உள்ள இந்தப் பழைய சத்திரத்தை, வருஷ முடிவோடு மூடப் போகிறார்கள். ஊரவர் யாராவது வீடு தருகிறேன் என்று கையெழுத்து வைத்தால் இங்கேயே இருக்கலாம். இல்லாவிட்டால் நகரத்துப் பெரிய முகாம். எனக்கு ஜனவரியில் பிள்ளை பிறக்கும். முகாமில் தொட்டில் வைக்க இடம் இருக்குமா என்று கேட்டதற்கு, எங்களுக்கு உதவிப் பணம் தருகிற சோசல் கந்தோரில் இருந்தவள் பேனையைப் பார்த்தாள்.

செப்ரெம்பர் 6, சனி

வைட்னர் முதலில் வாங்கி வைத்திருந்த நைலோன் துணி கை பட்டாலே சரசரக்கிறது. மானுக்குக் காது கூர்மையாம். ஆகவே அவருடைய தகப்பனின் பழைய கம்பளிக் கோட்டு மூன்றையும் கரும்பச்சைத் திரைச்சீலை இரண்டையும் கொண்டுவந்து போட்டார். அவருடைய மனுசி ஃபிராவ் வைட்னர் தன்னுடைய தையல் மெஷினை அனுப்பிவைத்தார். எங்களுக்கு வேலை செய்ய அனுமதியில்லை, உதவி செய்யத் தடையில்லை.

நாலு தடி செருக நாலு உறை. முக்காலியில் இருந்தால் கண் மட்டத்துக்கு வருகிற மாதிரி நீளமாக ஒரு பிளவு, அதை மூடித் திறக்க ஒரு மடிப்புத் துண்டு. பளபளக்கும் பொத்தான் ஒன்றும் கூடாது. பள்ளிக்கூடத்தில் தையல் படிப்பித்தபோது சட்டைக் கழுத்துக்கு எடுத்த கவனத்தை இன்று மானுக்காக எடுத்தேன்.

செப்ரெம்பர் 13, சனி

முதல் நாள் வேட்டை. இவர் என் கம்பளித் தொப்பியைப் போட்டுக்கொண்டு போனார்.

மான் வரும் பக்கத்திலிருந்து நம் பக்கமாகக் காற்று வரவேண்டுமாம். இன்றைய காற்றுக்கு ஏற்ற இடம் ஓடைக்கு அந்தக் கரை. அந்தக் கரை வேறு மாவட்டம். எங்கள் அகதி அட்டையில் மாவட்டத்தை விட்டு வெளியே போகக்கூடாது என்று அச்சடித்திருக்கிறது. வைட்னர் அங்கே நின்று வா வா என்று கைகாட்ட, இவர் மறைப்பைத் தோளில் சுமந்தபடி இந்தக் கரையில் நின்று சட்டம் விளக்கியிருக்கிறார். இவருக்கு விளக்கத் தொடங்கினால் சத்தம் கூடிவிடும். மான் என்ன, முயல்கூட வரவில்லை. மான் மட்டும் இரண்டு மாவட்டத்திலும் மேய்கிறதாம்.

மறைப்பு மழையில் நனைந்து வந்தது. பேக்கரிக்குள் வைக்க ஃபிராவ் வைட்னர் விடவில்லை. பாண் எல்லா மணத்தையும் இழுத்துக்கொள்ளும், மேல் அறையைக்கூட அதற்காகத்தான் யாருக்கும் கொடுக்காமல் வைத்திருக்கிறேன் என்றாராம். நான் அதை எங்கள் குசினியில், அடுப்புக்கு மேலே கொடி கட்டிப் போட்டுவிட்டேன். இனி இதுதான் அதன் இடம்.

செப்ரெம்பர் 17, புதன்

பக்கத்து அறை ஜெயமலர் அக்காவும் நானும் கறித்தூள் வறுத்தோம். மூன்று கிலோ மிளகாய். ஹைம் முழுவதும் இருமியது.

செப்ரெம்பர் 20, சனி

ஒன்றும் வரவில்லை. வைட்னர் ஏழு தரம் தும்மினாராம். நாற்பது வருஷம் மாவுக்குள் நின்று அவருடைய மூக்குப் பழுதாகிவிட்டது, மணம் ஒன்றும் தெரியாது, தும்மல் மட்டும் மிச்சம்.

செப்ரெம்பர் 27, சனி

ஒரு பெட்டை மான் வந்ததாம்! புல்வெளியின் நடுவுக்கு வந்து மேய்ந்ததாம். வைட்னர் துவக்கை உயர்த்த, காற்றுக் கொஞ்சம் திரும்ப, அது தலையை நிமிர்த்தி மறைப்பையே பார்த்து, நாய் மாதிரிக் குரைத்துவிட்டு ஓடிப்போனதாம்.

"நீங்கள் ஏதும் கதைச்சனீங்களோ?"

"ஒரு சொல்லும் இல்லை. சத்தியமாய்."

"ஒரு சொல்லும்?"

"வருது எண்டு மட்டும் சொன்னனான்."

செப்ரெம்பர் 28, ஞாயிறு

இவர் கட்டிலில் ஒரு மணித்தியாலம் வாய் திறக்காமல் இருந்து பழகினார். கலியாணம் முடித்த நாளிலிருந்து எனக்கு இப்படியொரு நிம்மதி கிடைத்ததில்லை.

ஒக்ரோபர் 4, சனி

இன்றும் மான் வந்தது, இன்றும் ஓடியது. மான்களுக்கு உன்னைப் பிடிக்கவில்லைப் போலும் என்று வைட்னர் சிரித்தாராம். இவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். வீட்டைப் பற்றிக் கேட்டீர்களா என்று நானும் கேட்கவில்லை.

ஒக்ரோபர் 11, சனி

பிளவு வைட்னருக்குக் கொஞ்சம் உயரம். கழுத்தை நீட்டி நீட்டிப் பிடரி நோகிறதாம். தைத்தவளே வந்து அளவு பார்க்கட்டும் என்று கூப்பிட்டார். பின்னேரம் போனேன். மறைப்பை ஒரு பற்றையோடு ஒட்டி நட்டிருந்தார்கள். பின்னால் வெளிச்சம் இருந்தால் எங்கள் உருவம் தெரிந்துவிடுமாம். முக்காலியில் இருந்து மடிப்பைத் தூக்கிப் பார்த்தேன். முன்னால் புல்வெளி.

"ஒளிச்சிருக்கிறது எங்களுக்குப் பழக்கம்தான்," என்று இவர் காதுக்குள் சொன்னார். "துவக்கு இருக்கிற பக்கத்திலை ஒளிச்சிருக்கிறதுதான் புதுசு."

நான் சிரிக்கவில்லை. மடிப்புத் துண்டை மூக்கில் வைத்து மோந்தேன். வெளியே ஈர மண், உதிர்ந்த இலை. உள்ளே வறுத்த மிளகாய்! கொத்தமல்லி, பெருஞ்சீரகம், எல்லாம். எங்கள் குசினியைச் சுருட்டிக் கொண்டுவந்து புல்வெளியில் நட்டு வைத்த மாதிரி இருந்தது. குசினிக்குள்ளேயே நிற்கிறவளுக்கு இது எங்கே தெரியப்போகிறது?

ஐயோ, இவரில்லை. நான். நாலு கிழமையாய் மனுசனைப் பகிடி பண்ணிப் பண்ணி இந்தக் கொப்பியை நிரப்பினேனே - நான்தானே அதை அடுப்புக்கு மேலை போட்டனான்?

பக்கத்தில் வைட்னர் தும்மினார்.

ஒக்ரோபர் 12, ஞாயிறு

இவருக்குச் சொன்னேன். கோபிப்பார் என்று நினைத்தேன். கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"ஒருத்தருக்கும் சொல்லாதையும். எங்கடை கறி மணத்துக்கு மானே ஓடுது எண்டு தெரிஞ்சால், அந்த மனுசி மேல் அறையைத் தருமே?"

ஓம், தராது. துணியைத் தோய்க்கிறோம்.

ஒக்ரோபர் 19, ஞாயிறு

மூன்று தரம் தோய்த்தாகிவிட்டது. நாலு நாள் மழையில் தொங்கவிட்டும் பார்த்தேன். கம்பளி விடவில்லை. இப்போது மிளகாயோடு சவர்க்காரமும் மணக்கிறது.

ஒக்ரோபர் 25, சனி

இன்றும் மான் ஓடிவிட்டது. அடுத்த கிழமையிலிருந்து வேறு ஆளைக் கூட்டிக்கொண்டு போகிறேன், நீ கூடாத ஆளில்லை, ஆனால் உனக்கு அசையாமல் இருக்கத் தெரியவில்லை என்று வைட்னர் சொன்னாராம்.

"நீங்கள் என்ன சொன்னீங்கள்?"

"ஓம், நான்தான் அசைஞ்சனான் எண்டு சொன்னன்."

இந்த மனுஷன் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறார். எல்லாம் தன்னை ஒரு முழம் உயர்த்திச் சொன்னவை. குறைத்துச் சொன்னது இதுதான் முதல். சொல்லிவிட்டு, தொப்பியை மடித்து என் தலையணைக்குப் பக்கத்தில் வைத்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது, பிள்ளை புரளுகிறது என்று சொல்லிச் சமாளித்தேன். ஆனால் வீட்டை விடவும் மனமில்லை. என்ன செய்ய?

ஒக்ரோபர் 27, திங்கள்

போய்ச் சொல்லிவிட்டேன். இவருக்குத் தெரியாது.

மடிப்புத் துண்டை மட்டும் தையல் பிரித்துச் சாட்சிக்குக் கொண்டுபோனேன். வசனங்களை ஜெர்மனில் எழுதிப் பாடமாக்கியிருந்தேன்; கடை வாசலில் எல்லாம் மறந்துவிட்டது. என் புருஷன் அசையவில்லை, துணியை எங்கள் குசினியில் தொங்கவிட்டது நான், மான் ஓடியது எங்கள் மிளகாய்க்கு என்று கையாலும் வாயாலுமாகச் சொன்னேன். தொடங்கிய பிறகு நிறுத்தத் தெரியவில்லை. இவர் காட்டு ஆள் இல்லை, கடை மனேஜர் என்பதையும் சொல்லிவிட்டேன். அது முதல் நாளே தெரியும், ஆட்டுப் புழுக்கையைக் காட்டி மான் போயிருக்கிறது என்றவர் உன் புருஷன் என்றார் வைட்னர்.

ஃபிராவ் வைட்னர் சிரிக்கவில்லை. துண்டை வாங்கி மோந்தார். இன்னொரு தரம் மோந்தார். பிறகு கடைக்கு வந்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார்.

ஒக்ரோபர் 30, வியாழன்

ஒரு செய்தியும் இல்லை. ஜெயமலர் அக்காவிடம் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டேன். "உனக்கென்னடி விசரே? வீடு குடுக்கிற ஆக்களிட்டைப் போய் எங்கடை கறி மணக்குது எண்டு ஆரும் சொல்லுவினமே?"

இவருக்கும் சொன்னேன். நெடுநேரம் பேசாமல் இருந்தார். பழகாமலே வந்த மௌனம், எனக்குப் பிடிக்கவில்லை.

நவம்பர் 8, சனி

புதிய மறைப்புத் தைக்க வரச் சொல்லி ஃபிராவ் வைட்னர் ஆள் அனுப்பினார். மெஷினைப் பேக்கரிக்கு மேல் அறைக்கு ஏற்றி வைத்திருந்தார்கள். பழையதை வைட்னர் தன் இளம் மரக்கன்றுகளைச் சுற்றிக் கட்டிவிட்டாராம், மான் கடிக்காமல் இருக்க. நாள் முழுக்கத் தைத்தேன். வீட்டைப் பற்றி ஒரு சொல் இல்லை. நானும் ஜன்னல் பக்கம் பார்க்காமல் துணியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெளிக்கிடும்போது ஃபிராவ் வைட்னர் பின் ஜன்னலைத் திறந்து காட்டி, விரலை நீட்டிக்கொண்டு சொன்னார்: மிளகாய் வறுப்பதென்றால் ஞாயிறு மட்டும், அன்றைக்குக் கடை பூட்டு. இந்த ஜன்னல் திறந்திருக்கவேண்டும். படிக் கதவு சாத்தியிருக்கவேண்டும்.

ஏச்சுத்தான் என்று நினைத்து, ஓம் ஓம் என்று தலையைக் குனிந்துகொண்டு படி இறங்கினேன். பாதி வழி வந்த பிறகுதான் உறைத்தது. ஹைம் குசினிக்கு ஏது படிக் கதவு?

நடுத் தெருவில் நின்றுவிட்டேன். ஓடுகிற வயிறில்லை, இல்லாவிட்டால் ஓடியிருப்பேன்.

டிசம்பர் 13, சனி

புது மறைப்பில் இருந்து வைட்னர் ஒரு மான் சுட்டார். இவர் பக்கத்தில் இருந்தார், அசையவில்லை. ஜெயமலர் அக்காவுக்கு இவர் கதையைச் சொல்லி முடித்தபோது, துவக்கு யாருடைய கையில் இருந்தது என்பது தெளிவில்லாமல் போய்விட்டது.

1987 பெப்ரவரி 15, ஞாயிறு

ஜெயமலர் அக்கா நகரத்து முகாமிலிருந்து அனுமதி எடுத்துக்கொண்டு எங்கள் மேல் அறைக்குப் பிள்ளை பார்க்க வந்தார். இருபத்தைந்து நாள் பிள்ளையைத் தூக்கிக் கழுத்தில் மோந்தவர், பிறகு என் தோளையும் மோந்தார்.

"எடி மல்லிகா, பிள்ளை பாண் மணக்குது. உன்ரை சீலையும் பாண் மணக்குது!"

அவர் போன பிறகு நானும் மோந்து பார்த்தேன். எனக்குத் தெரியவில்லை. பெட்டியைத் திறந்து கூறைச் சேலையை எடுத்து இவரிடம் கொடுத்தேன். "ஓமப்பா, பாண்தான்" என்றார்.

நாளைக்குக் கீழே போய் ஃபிராவ் வைட்னரிடம் முறையிடவேண்டும். உங்கள் அடுப்பு மணம் எங்கள் வீட்டுக்குள் வருகிறது என்று.