பத்தில் வைத்த ட்ரெபிள்

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுவது.

இங்கே அப்பா நலம், நான் முக்கால் நலம். மீதிக் கால் என்றதும் முட்டி வலி என்று நினைத்துக்கொள்ளாதே, அது வேறு இடம், சொல்கிறேன். நீ அங்கே எப்படி இருக்கிறாய் என்று எப்போதும் ஒரு வரியில் கேட்டுவிட்டு அடுத்த வரியில் பக்கத்து வீட்டுக் கதைக்குத் தாவிவிடுவேன், இந்தத் தடவை பதில் வேண்டித்தான் கேட்கிறேன். நீ என்னோடு பேசி ஆறு வாரமாகிறது. கூப்பிட்டால் எடுப்பதில்லை, வேலையில் இருக்கேன்மா அப்புறம் பேசறேன் என்று ஒரு வரி மட்டும் வருகிறது, அந்த அப்புறம் வருவதே இல்லை. முதல் மூன்று வாரம் நீ சந்தோஷத்தில் என்னை மறந்துவிட்டாய் என்று நினைத்து நானும் சந்தோஷமாக இருந்தேன், அடுத்த மூன்று வாரம் என் மேல் அவளுக்கு என்ன கோபம் என்று அப்பாவைக் குடைந்து எடுத்தேன். போன வியாழக்கிழமைதான் எனக்குக் காரணம் விளங்கியது. தப்பு என் மேல்தான், முழுக்க முழுக்க என் மேல்தான், ஆனால் நீ நினைத்துக்கொண்டிருக்கும் தப்பு இல்லை. அதை நேரடியாகச் சொன்னால் அம்மா சமாளிக்கிறாள் என்பாய், அதனால் முதலிலிருந்து சொல்கிறேன், நடுவில் சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள், கடிதத்தை மட்டும் பாதியில் மடித்து வைத்துவிடாதே.

உனக்குத் தெரியாமல் நான் ஒரு காரியம் செய்துகொண்டிருக்கிறேன், நான் கிட்டார் கற்றுக்கொள்கிறேன். உன் கிட்டார்தான். ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த முதல் மாதமே எனக்குக் கை நமநமவென்று ஆகிவிட்டது, முப்பத்தொரு வருஷம் நூற்றிருபது தையல் மெஷின்களை மேய்த்தவளுக்கு ஒரு வீட்டையும் ஒரு கணவரையும் மேய்ப்பது ஒரு வேலையா. அலமாரி மேல் தூசி தட்டப் போனவள் உன் கிட்டாரை இறக்கினேன், இறக்கியதை மறுபடி ஏற்ற மனம் வரவில்லை. கம்ப்யூட்டரில் ஒரு வாத்தியார் பாடம் நடத்துகிறார், தங்கமான மனிதர், எத்தனை தடவை நிறுத்தித் திரும்பப் போட்டாலும் முகம் சுளிப்பதில்லை. நான்கு மாதத்தில், பல கம்பிகளைச் சேர்த்து மீட்டுகிற கார்டு மூன்றும் பாதிப் பாட்டும் தேறியிருக்கிறேன், பாதி என்றால் முதல் பாதி இல்லை, நடுவில் அங்கங்கே வரும் பாதி. உன் கல்யாணத்தன்று மேடையில் ஒருவர் வாசித்தாரே அது மாதிரி வாசித்துக் காட்டி உன்னைத் திகைக்க வைக்க வேண்டும் என்று எனக்கு ஆசை, ஆசைக்கு என்ன குறைச்சல். ஆனால் அது மின்சாரக் கிட்டார் ஆயிற்றே, சத்தத்தைப் பெருக்குகிற ஆம்ப் பெட்டி இல்லாமல் வாசித்தால் யாரோ பக்கத்து அறையில் ரப்பர் பேண்டை இழுத்து விளையாடுகிற மாதிரி இருக்கிறது. உன் ஆம்ப் எங்கே போயிற்று என்று கேட்பாய். நீ விமானம் ஏறிய மறுவாரம் வீட்டை ஒழித்தபோது அதை ஓட்டை ரேடியோ என்று நினைத்துப் பழைய சாமான்காரரிடம் தூக்கிக் கொடுத்தவள் நான்தான். இத்தனை வருஷம் மூச்சு விடவில்லை, இப்போது சொல்லிவிட்டேன், என் குற்றப் பட்டியலில் இதையும் சேர்த்துக்கொள்.

ஆகவே ஒரு நல்ல நாளாகப் பார்த்து, அதாவது மழை பெய்யாத நாளாகப் பார்த்து, அப்பாவையும் இழுத்துக்கொண்டு இசைக்கருவிக் கடைக்குப் போனேன். கடைக்காரர் நாற்பத்தைந்து வயசு இருப்பார், தலையில் குடுமி, சட்டையில் பாதிப் பொத்தான், பார்த்தவுடன் இவரிடம் ஏமாறக் கூடாது என்று முடிவு கட்டினேன். அவரோ பொறுமையின் சிகரம். அம்மா, முதல்ல எல்லாக் குமிழையும் நடுவுல வச்சுக் கேளுங்க, அதுலயே மனசுக்குப் பிடிக்கலைன்னா அந்தப் பெட்டி உங்களுக்கு வேண்டாம், அப்புறம் ஒண்ணொண்ணாத் திருகிப் பாருங்க, வீட்டுல எவ்வளவு சத்தம் வைப்பீங்களோ அவ்வளவுதான் வைக்கணும், பெரிசா வச்சா எல்லாப் பெட்டியும் நல்லாத்தான் இருக்கும் என்றார். நான் கேட்டேனா. பெட்டி சோபாவுக்குப் பக்கத்தில் பொருந்துமா, மேலே பூச்சாடி வைக்கலாமா என்று பார்த்தேன். ஏழு ஆம்ப்களில் அதே மூன்று கார்டை வாசித்தேன். பேஸ் என்ற குமிழ் அடிக்குரல், ட்ரெபிள் என்ற குமிழ் உச்சக்குரல், நடுவில் மிட். எல்லாப் பெட்டியும் எனக்குக் கம்பளிக்குள் வாயை வைத்துப் பாடுகிற மாதிரி இருந்தது, ட்ரெபிளை ஏற்றிக்கொண்டே போனேன், ஏழாவது பெட்டியில் அது பத்துக்குப் போய் முட்டி நின்றபோதுதான் அப்பாடா என்றிருந்தது, இதுதான் என் டோன் என்று அறிவித்தேன். தபலா பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் தபலாவை அப்படியே போட்டுவிட்டு வெளியே போய்விட்டார். அம்மா, பல் டாக்டர் மெஷின் மாதிரி இருக்கே என்று கடைக்காரர் தயங்கித் தயங்கிச் சொன்னார். தம்பி, எனக்குப் பாம்புச் செவி, நூற்றிருபது மெஷின்ல எதுல ஊசி மழுங்கிப்போச்சுன்னு கண்ணை மூடிட்டுச் சொன்னவ நான் என்று அவர் வாயை அடைத்து வாங்கி வந்தேன்.

வீட்டில் நான் வாசிக்க ஆரம்பித்தால் அப்பா காதில் பஞ்சு வைத்துக்கொண்டு பேப்பர் படிப்பார். காது வலி போலிருக்கிறது, பாவம் மனிதர் வாய்விட்டுச் சொல்ல மாட்டார் என்று நான் சொட்டு மருந்து வாங்கி வந்து நான்கு நாள் இரண்டு காதிலும் விட்டேன், அவரும் விட்டுக்கொண்டார். மாடி வீட்டு அம்மா வந்து, உங்க வீட்டுல மரம் அறுக்கற வேலை எப்ப முடியும் என்று மரியாதையாகக் கேட்டுவிட்டுப் போனார். நான் தளரவில்லை. ஒரு மாதம் போனதும் ஆம்பின் தெளிவு மங்கிவிட்டது என்று எனக்குப் பட்டது, கடைக்குத் தூக்கிப் போனேன், ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பினார். பத்து நாளில் மறுபடி போனேன், கேபிளை மாற்றிக் கொடுத்தார். மூன்றாம் தடவை போனபோது அம்மா, கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க என்று என்னைச் சுவரைப் பார்க்க நிறுத்திவிட்டு ஒரே கார்டை இரண்டு தடவை வாசித்தார், எது கூர்மையா இருக்கு என்றார். ரெண்டும் ஒண்ணுதானே, என்னை என்ன சின்னப் பிள்ளைன்னு நினைச்சீங்களா என்றேன். திரும்பிப் பார்த்தால் அப்பா தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறார். முதல் தடவை ட்ரெபிள் பத்திலும் அடுத்த தடவை நாலிலும் இருந்ததாம். கடைக்காரர் சிரிக்கவில்லை. நானும் இருபது வருஷம் மேடையில டிரம்ஸ் பக்கத்துலயே நின்னு வாசிச்சவன்மா, எனக்கு இடது காது பாதி போச்சு, அதான் தெரியும், ஆம்ப்ல கோளாறு இல்லை, ஒரு தடவை காதைக் காட்டிட்டு வாங்க என்றார். என் மானம் கப்பலேறிவிட்டது. வழியெல்லாம் அவர் குடுமியைத் திட்டிக்கொண்டே வந்தேன், வீட்டுக்கு வந்ததும் அப்பாவைப் பிடித்தேன், உங்களுக்குத் தெரியும்னா ஏன் எங்கிட்ட சொல்லலை என்று. ரெண்டு வருஷமா சொல்லிட்டுத்தான் இருக்கேன், உனக்குத்தான் கேக்கலை என்றார். இரண்டு வருஷமாக இந்த மனிதர் எதற்கெடுத்தாலும் கத்துகிறார், வயசானால் கோபம் கூடும் போலிருக்கிறது என்று நான் அவரோடு போட்ட சண்டைகளை நினைத்தால் இப்போதும் எனக்கு அசடு வழிகிறது.

ஒரு வாரம் வீம்பாக இருந்துவிட்டுப் போன வியாழக்கிழமை காது பரிசோதனைக்குப் போனேன். குளியலறை அளவில் ஒரு கண்ணாடி அறை, தலையில் ஹெட்போன், கையில் ஒரு பொத்தான், சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும். பரீட்சை என்றால் நான் தோற்பதில்லை என்று உனக்குத் தெரியுமே, கேட்காத சத்தத்துக்கெல்லாம் குத்துமதிப்பாக அழுத்தித் தள்ளினேன். பரிசோதிக்கும் பெண் கதவைத் திறந்து, ஆன்ட்டி, நான் இன்னும் சத்தமே குடுக்கலை என்றாள். அப்புறம் ஒழுங்காகச் செய்தேன். வரைபடத்தில் கோடு பாதி வரைக்கும் நேராக வந்து மாடிப்படி மாதிரி தடதடவென்று கீழே இறங்கியிருந்தது, அடிக்குரல் எல்லாம் கேட்கிறது, உச்சக்குரல் போய்விட்டது, முப்பத்தொரு வருஷ மெஷின் சத்தம் தின்றுவிட்டது என்றாள். கடைசியில் அவள் ஒரு தாளால் வாயை மறைத்துக்கொண்டு வார்த்தைகள் படித்தாள், நான் திருப்பிச் சொல்ல வேண்டும். டாண் டாண் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன், நூற்றுக்கு நூறு என்று நினைப்பு. அவள் தாளை என் முன்னால் வைத்தாள், இடது பக்கம் அவள் படித்தது, வலது பக்கம் நான் சொன்னது. கிளி என்பதற்கு நான் குளி என்றிருக்கிறேன். கிடை என்பதற்குக் குடை. நானே சிரித்துவிட்டேன். அதற்குக் கீழே, பிரி என்பதற்குப் புரி.

அம்மாடி, அந்த வரியில்தான் எனக்கு உயிர் நின்றுவிட்டது. ஆறு வாரத்துக்கு முன்னால் நீ கூப்பிட்டுச் சொன்னது எனக்கு எப்படிக் கேட்டது தெரியுமா. நாங்க ரெண்டு பேரும் உக்காந்து பேசினோம்மா, கடைசியில புரிஞ்சிட்டோம் என்று கேட்டது. புரிஞ்சுக்கிட்டோம் என்பதை நீ அவசரத்தில் பாதி விழுங்கிவிட்டாய் என்று நானே பெரிய மனது பண்ணி நிரப்பிக்கொண்டேன். உங்களுக்குள் மனஸ்தாபம் இருப்பது எனக்கு அரைகுறையாகத் தெரியும், சமாதானமாகிவிட்டீர்கள் என்று தலைகால் புரியாமல் குதித்தேன். நான் சொன்னது ஒவ்வொன்றும் எனக்கு ஞாபகம் இருக்கிறது, இந்த நான்கு நாளாக அது ஒன்றுதான் காதில் தெளிவாகக் கேட்கிறது. இதுக்காகத்தான் கண்ணு இத்தனை நாளாக் காத்துட்டிருந்தேன் என்றேன். இதை ரெண்டு வருஷம் முன்னாடியே பண்ணியிருக்கலாம்ல என்றேன். மாப்பிள்ளைக்கும் என் வாழ்த்தைச் சொல்லு என்றேன். உன் கல்யாணத்தின்போது பத்து நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்த அம்மா இப்படிச் சொன்னால் நீ என்ன நினைத்திருப்பாய். நீ மெதுவாக என்னவோ சொன்னாய், அது எனக்குச் சுத்தமாகக் கேட்கவில்லை, கேட்கவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு சரி சரி என்றேன், நீ வைத்துவிட்டாய். அதோடு விட்டேனா, உன் சித்திக்கும் மாமாவுக்கும் போன் போட்டு நல்ல சேதி சொல்லி வீட்டில் இனிப்பு வேறு பண்ணினேன். வியாழக்கிழமை அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து அழுதேன், பாவம் அந்தப் பெண், மெஷின் வச்சா சரியாயிடும் ஆன்ட்டி என்று ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தாள், அவளுக்கு என்ன தெரியும்.

ஒருவேளை நீ சொன்னது நிஜமாகவே புரிஞ்சிட்டோம்தானோ என்று ஒரு நப்பாசை எனக்கு இருந்தது. அப்படியிருந்தால் நீ பேசாமல் இருக்க மாட்டாய் என்று அப்பாதான் சொன்னார், அதை அவர் கத்திச் சொல்லவில்லை, இருந்தும் கேட்டது. நீ ஏன் பிரிந்தாய் என்று நான் கேட்கப் போவதில்லை, சொல்லத் தோன்றினால் சொல். உனக்குப் புத்திமதியாக ஒன்றரைப் பக்கம் எழுதினேன், படித்துப் பார்த்துக் கிழித்துப் போட்டுவிட்டேன், அப்பா என்னை ஆச்சரியமாகப் பார்க்கிறார். வேளைக்குச் சாப்பிடு, வீட்டுச் சாவி ஒன்றை நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து வை, அவ்வளவுதான். சித்தியிடமும் மாமாவிடமும் நான் இன்னும் திருத்திச் சொல்லவில்லை, அது உன் சேதி, எப்போது சொல்லலாம் என்று நீ சொல். காதுக்கு மெஷின் அடுத்த மாதம் வருகிறது. அதுவரைக்கும் டோன் விஷயத்தை அப்பாவின் பொறுப்பில் விட்டுவிட்டேன், அவர் ட்ரெபிளை நாலில் நிறுத்தி மேலே டேப் ஒட்டிவிட்டார், எனக்குக் கம்பளிக்குள்ளிருந்துதான் கேட்கிறது, இவர் மட்டும் பஞ்சு இல்லாமல் பேப்பர் படிக்கிறார்.

நீ திடமாக இருக்க வேண்டும், மனம் விட்டுச் சிரிக்கிற நாள் உனக்குச் சீக்கிரம் வர வேண்டும், எங்கள் இருவர் ஆசீர்வாதமும் எப்போதும் உன்னோடு. அன்றைக்கு நீ சொன்னது சரியாகக் காதில் விழுந்திருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று யோசித்துப் பார்த்தேன். முதலில் ஐயோ என்றுதான் சொல்லியிருப்பேன், என் வாய் அப்படி. அதற்கப்புறம் கேட்டிருப்பேன், இப்ப எங்க இருக்க கண்ணு, சாப்பிட்டியா, கூட யாராவது இருக்காங்களா, அம்மா கிளம்பி வரட்டுமா. ஆறு வாரம் கழித்து இப்போது கேட்கிறேன். மறந்துவிடாதே, பதிலைப் போனில் சொல்ல வேண்டாம், எழுது. 'வா' என்று ஒரே ஓர் எழுத்து எழுதினால் போதும், அதை என்னால் வேறு எதுவாகவும் படிக்க முடியாது.

இப்படிக்கு,
உன் அம்மா